அரைப் பத்து

ஃப்லோம்
மே 12, 2018

அன்புள்ள தம்பி யோஸ்தைனுக்கு,

உன் அட்டை கிடைத்தது. நான் நலம். ஒன்பது வருஷம் கழித்து எழுதுகிறவன் நாலே வரி எழுதியிருக்கிறாய். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதற்கு மகள் கப்பல் டிக்கெட் பரிசாகக் கொடுத்தாள், ஜூன் 18 அன்று கப்பல் "உங்கள் ஊரில்" ஒரு பகல் நிற்கும், முடிந்தால் பார்க்கலாம் என்று. உங்கள் ஊர் என்பதைப் படித்ததும் அட்டையைக் கிழிக்கப் போனேன். அம்மாவின் கையெழுத்து மாதிரியே இருந்ததால் பிழைத்தது.

போன் செய்யவில்லை என்று கோபிக்காதே. போனில் பேசினால் இரண்டாவது வார்த்தையிலேயே நாம் கத்த ஆரம்பித்துவிடுவோம். கடிதம் என்றால் கிழித்துவிட்டு வேறு எழுதலாம். இது மூன்றாவது தாள்.

அப்பாவை அடக்கம் செய்த அன்று காபி மேஜையில் நடந்ததைக் கிளற வேண்டாம். "நீ இங்கிலீஷ்காரனாயிட்டே, நம்ம பேச்சே உனக்கு மறந்துபோச்சு" என்று ஊர் முன்னால் நான் சொல்லியிருக்கக் கூடாது. நீயும் சும்மா இருக்கவில்லை. "ஆட்டுப் புழுக்கையைத் தவிர உனக்கு என்ன தெரியும்?" என்றாய். போகட்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். சின்ன வயசில் போல மலை மேலே மீர்டால் வரை ரயிலில் ஏறி, அங்கிருந்து சைக்கிளில் சேர்ந்து கீழே இறங்குவோம். உன் சிவப்பு சைக்கிளுக்குப் புது டயர் போட்டுவிட்டேன். என் முழங்கால் தேய்ந்துவிட்டது. அறுவை செய்தாக வேண்டும், பிறகு அந்த வளைவுகளில் சைக்கிள் என்ற பேச்சே கூடாது என்கிறார் டாக்டர். இந்தக் கோடையை விட்டால் எனக்கு வேறு கோடை இல்லை.

காலை அரைப் பத்துக்கு ரயில் நிலையத்தில் நிற்பேன். சாப்பாடு என் பொறுப்பு.

உன் அக்கா,
குன்வோர்


ஹல், இங்கிலாந்து
மே 27, 2018

அன்புள்ள அக்கா,

வருகிறேன். மகளிடம் சொன்னேன், "இந்த வயசுல சைக்கிளா? பிரேக் இருக்கான்னு பாத்துக்கோப்பா" என்று சிரிக்கிறாள். பிரேக்கை நீயும் பார்த்துவிடு.

ஹல் துறைமுகத்தில் முப்பத்தெட்டு வருஷம் கிரேன் ஓட்டினேன். அந்தக் கூண்டில் தனியாக இருக்கும்போது நம் பேச்சில்தான் எனக்கு நானே பேசிக்கொள்வேன். ஒரு சொல்லையும் மறக்கவில்லை. நீ சொன்னது பொய் என்று அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

ரயில் போகும்போது சாலையில் இருக்கிறவர் சைக்கிளை நிறுத்திக் கையாட்ட வேண்டும் என்று அப்பா வைத்த சட்டம் நினைவிருக்கிறதா? கையாட்டாத அன்று உனக்கு ராத்திரி பாயசம் கிடையாது.

பழுப்புப் பாலாடைக்கட்டி நிறைய எடுத்து வா. இங்கே கிடைப்பது சோப்பு மாதிரி இருக்கிறது.

உன் தம்பி,
யோஸ்தைன்


கப்பலிலிருந்து
ஜூன் 18, 2018

குன்வோர்,

எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். மனசு ஆறவில்லை.

பத்தே காலுக்கே பிளாட்பாரத்துக்கு வந்துவிட்டேன். நீ சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே. நீ வரவில்லை. கப்பலிலிருந்து இறங்கிய கூட்டம் முழுக்க என்னை இடித்துக்கொண்டு போனது. ஒவ்வொரு நரைத் தலையையும் எட்டிப் பார்த்தேன். கடைசியில் ஒரு டிக்கெட் வாங்கி, வேடிக்கை பார்க்க வந்தவர்களோடு நானும் ஒரு வேடிக்கைக்காரனாக ஏறினேன்.

பாதி மலையில் கோர்டால் தாண்டும்போது கீழே சாலையில், ஹெல்மெட்டும் மஞ்சள் மேலாடையுமாக ஒரு கிழவி சைக்கிளை நிறுத்திவிட்டு ரயிலைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டினாள். பெட்டி முழுக்கப் பதிலுக்கு ஆட்டியது. நான் அவளைப் படம் எடுத்தேன். யாரோ முகம் தெரியாதவளுக்கு இருக்கிற அன்புகூடக் கூடப்பிறந்தவளுக்கு இல்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்து ஆற்றோரமாகப் பழைய தேவாலயம் வரை நடந்தேன். அம்மா அப்பா கல்லறையில் புதுப் பூ இருந்தது. அங்கிருந்து உன் வீடு தெரிந்தது. ஜன்னல் திறந்திருந்தது, சுவரில் உன் சைக்கிள் சாய்ந்திருந்தது. வீட்டில்தான் இருக்கிறாய். இருந்துகொண்டே வரவில்லை. வாசல் படலைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

என்னைப் பழி தீர்க்க ஒன்பது வருஷம் காத்திருந்தாயா? தீர்ந்ததா?

யோஸ்தைன்


ஃப்லோம்
ஜூலை 2, 2018

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் வருவதற்கு முன் நானும் ஒன்று எழுதி வைத்திருந்தேன், உன்னுடையதைவிடக் காரமாக. அடுப்பில் போட்டுவிட்டேன்.

பத்தே காலுக்கா வந்தாய்? அந்த வரியில் அப்படியே நின்றுவிட்டேன். அரைப் பத்து என்றால் பத்தைத் தொட இன்னும் அரை மணி பாக்கி என்றல்லவா நமக்குக் கணக்கு? ஒன்பதரை. அரைப் பத்தைப் பத்தரை என்பது உன் ஹல்காரர்கள் கணக்கு. முப்பத்தெட்டு வருஷம் அதே சொல்லை அவர்கள் வாயில் கேட்டுக் கேட்டு, என் எழுத்தையும் அவர்கள் காதால் படித்திருக்கிறாய்.

இரண்டு சைக்கிளோடு நின்றேன். கார்டு ஓர்யான் வந்து, "அக்கா, இதுக்கு மேல வண்டிய நிறுத்த முடியாது, ஏறுறீங்களா இல்லையா?" என்றான். "வருவான்டா, இங்கிலாந்துல இருந்து வரான், ரெண்டு நிமிஷம்" என்றேன். வண்டி முழுக்க என்னையே பார்த்தது. உன் சைக்கிளை நிலையத்துச் சாமான் அறையில் விட்டுவிட்டு ஏறினேன். அடுத்த ரயில் வரை காத்திருக்கலாம் என்று தோன்றியது. பொய் சொல்ல மாட்டேன், ரோஷம் விடவில்லை. அந்த ரோஷத்தை இன்று செருப்பால் அடிக்கத் தோன்றுகிறது.

மேலே உட்கார்ந்து உன் பங்கு ரொட்டியையும் சேர்த்துத் தின்றேன். வளைவுகளில் ஒவ்வொன்றிலும் உன்னைத் திட்டிக்கொண்டே இறங்கினேன். கோர்டால் வந்தபோது ரயில் ஏறுகிற சத்தம் கேட்டது. திட்டிக்கொண்டிருந்த வாயோடு நிறுத்திக் கையாட்டினேன். பழக்கம்.

அந்தக் கிழவி நான்தான், யோஸ்தைன்.

நீ வாசலில் நின்ற நேரம், முழங்காலில் ஐஸ் வைத்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். படல் கிறீச்சிட்டதும் கேட்டது. ஆடு முட்டுகிறது என்று நினைத்தேன்.

நம் பேச்சை மறந்துவிட்டாய் என்று அன்று சொன்னேன். அது பலித்ததில் எனக்குத் துளி சந்தோஷம் இல்லை. பலிக்காமல் போயிருக்கக் கூடாதா என்றுதான் இருக்கிறது.

உன் அக்கா,
குன்வோர்


ஹல்
ஜூலை 14, 2018

அன்புள்ள அக்கா,

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது கையை நீ எப்போதும் முழங்கையை மடக்கித்தான் ஆட்டுவாய். பெட்டியில் எல்லாரும் உனக்குக் கையாட்டினார்கள், நான் ஒருவன்தான் ஆட்டவில்லை. என் கை போனைப் பிடித்துக்கொண்டிருந்தது.

நீ சொன்னது சரி. மறந்துவிட்டேன். ஒரே ஒரு சொல், அதுவும் அந்தச் சொல்லா?

அறுவையைத் தள்ளிப்போட முடியுமா? ஆகஸ்டில் வந்துவிடுகிறேன். விமானத்தில் வருகிறேன். தயவுசெய்து கேட்டுப் பார்.

படத்தை இதோடு வைத்திருக்கிறேன்.

யோஸ்தைன்


பெர்கன் மருத்துவமனை
ஜூலை 30, 2018

அன்புள்ள தம்பி,

உன் கடிதத்தை ஓர்யான்தான் இங்கே கொண்டுவந்து கொடுத்தான். அறுவை முடிந்து நாலு நாள் ஆகிறது. தள்ளிப்போடச் சொல்லி நீ எழுதியது கைக்கு வரும்போது நாளே கடந்துவிட்டது. நாம் இரண்டு பேரும் சேர்ந்து அந்தச் சாலையில் இறங்குவது இனி இல்லை. இதை எழுதும்போது அழுகிறேன், பக்கத்துக் கட்டில்காரி கால் வலி என்று நினைத்து நர்ஸைக் கூப்பிடுகிறாள்.

படம் தலைமாட்டில் இருக்கிறது. நர்ஸ் கேட்டாள், "யாருக்குப் பாட்டி இப்படிக் கையாட்டுறீங்க?" என்று. "என் தம்பிக்கு" என்றேன். அன்று எனக்குத் தெரியாது, ஆனாலும் அது பொய் இல்லையே.

செப்டம்பரில் வா. உன் சைக்கிள் இன்னும் சாமான் அறையிலேயே இருக்கிறது. மேலே சேர்ந்து போவோம். திரும்பும்போது நீ சாலையில் இறங்கு, நான் ரயிலில் வருகிறேன். கோர்டாலில் நிறுத்தி, என் ஜன்னலைப் பார்த்துக் கையாட்டு. இரண்டு கையையும்.

இந்தத் தடவை நேரத்தை எழுத்தில் எழுதவில்லை. 9.30.

உன் அக்கா,
குன்வோர்