நாத்தம் உன் கூடையில் இல்லை, அக்கா

முப்பது வருஷம் கருவாடு விற்றும், ஒரு நாள்கூட என்னிடம் மூக்கைச் சுளிக்காத தேசம்மா அக்காவுக்கு,

கண்டுபிடித்துவிட்டேன். எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்தால், "மேடையில பேசற மாரி இங்க பேசாத, விஷயத்துக்கு வா" என்பாய். நம் வீட்டுக் கூடத்தில் அடித்ததே, நீ சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போன அந்த நாத்தம், அது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்துவிட்டேன். நீ போய்ச் சேர்ந்து ஐந்து மாதம் கழித்து. என் சுறுசுறுப்பு உனக்குத் தெரிந்ததுதானே.

நீ சொன்னதுதான் சரி. கம்பெனி இல்லை. கழிமுகம் இல்லை. உன் கூடையும் இல்லை.

இதை நாலு பேர் படிக்கப்போகிறார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள். மாமா இறந்த பிறகு நீ திருவொற்றியூரில் எங்களோடு இருக்க வந்தாய். கூடத்தில் கிடந்த திவான் கட்டில்தான் உனக்குப் படுக்கை. விடியும்போதே காசிமேட்டில் கருவாட்டுக் கடை போட்டுவிட்டு, மத்தியானம் மிச்சக் கூடையோடு திரும்பி வருவாய். கூடையை வாசற்படிக்கு வெளியே வைத்து, கையைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே நுழைவாய். போன கார்த்திகைக்கு முந்தைய கார்த்திகையில் வெள்ளம் வந்து, கூடத்துக்குள் முழங்கால் தண்ணீர் நின்று வடிந்தது. பொங்கல் வாக்கில் நீ முதல் தடவையாக மூக்கைத் தூக்கினாய்.

"டேய் சேகரு, வூட்ல இன்னாமோ நாத்தம் அடிக்குதுடா."

"காத்து எந்தப் பக்கம்னு பாருக்கா," என்றேன், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நம்ம ஊர்க்காரன் வேறு என்ன சொல்வான்? வடக்குக் காற்று என்றால் ஒரு கம்பெனி. தெற்குக் காற்று என்றால் இன்னொரு கம்பெனி. காற்றே இல்லை என்றால் கழிமுகம். அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்தால்கூட ஜன்னலைச் சாத்திவிட்டு, "கம்பெனிக்காரன் இன்னிக்கு சீக்கிரமே தொறந்துட்டான்" என்கிற ஜனம் நாம். பழி போட வெளியே இத்தனை புகைபோக்கி இருக்கும்போது வீட்டுக்குள் எதற்குக் குனிந்து தேட வேண்டும்?

"இது கம்பெனி நாத்தம் இல்லடா. அது மூக்க எரிக்கும். இது ஈரத் துணிய மூட்ட கட்டி வச்சா மாரி கீது. வூட்டு நாத்தம்."

ஈரத் துணி என்றே சொல்லியிருக்கிறாய், அக்கா. விலாசம் எழுதிக் கையில் கொடுத்த மாதிரி சொல்லியிருக்கிறாய். எனக்கு அது விழவே இல்லை. என் வீட்டுக்காரி செல்வி மட்டும் மோந்து பார்த்து, "ஆமாங்க, லேசா அடிக்குது" என்றாள். சொல்லிவிட்டு வாசலில் இருந்த கூடையைப் பார்த்தாள். அவள் பார்த்ததை நான் பார்த்தேன். நான் பார்த்ததை நீ பார்த்தாய். அதற்குப் பிறகு யாரும் தேடவில்லை.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வாரத்தில் ஆறு நாள் கன்டெய்னர் யார்டில் கேட் பாஸ் எழுதுகிறவன், ஏழாம் நாள் மைக்கைப் பிடித்தால் சும்மா இருப்பானா? மாசித் திருவிழாப் பட்டிமன்றத்தில் கூட்டம் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. என் கையில் சரக்கு தீர்ந்துபோயிருந்தது. உன்னை எடுத்துவிட்டேன்.

"எங்க அக்கா முப்பது வருஷமா கருவாடு விக்குது. அதுக்கு இப்ப வூட்ல நாத்தம் அடிக்குதாம்! டாக்டராண்ட இட்டுகினு போனேன். 'எப்போலேர்ந்தும்மா நாத்தம் அடிக்குது?'ன்னு டாக்டர் கேக்கறாரு. பின்னாடிலேர்ந்து நர்ஸம்மா சொல்லுது, 'இந்தம்மா உள்ள வந்ததுலேர்ந்துதான் சார்!'"

பந்தல் கிழிந்தது. பெண்கள் வரிசையில் நீ உட்கார்ந்திருந்தாய். முதலில் சிரித்தது நீதான். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். அது சிரிப்புத்தானா அக்கா? மேடையிலிருந்து பார்த்தால் பொத்திய வாய் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரிகிறது.

அன்றைக்கு எனக்கு ஒரு பச்சைப் பொன்னாடை போர்த்தினார்கள்.

அப்புறம் அது ஜோக்காக இல்லை, உன் பேராகவே ஆகிவிட்டது. எங்கே பேசப் போனாலும், "அந்தக் கருவாட்டு அக்காவச் சொல்லுங்க" என்றார்கள், சொன்னேன். தெருவில் நீ வந்தால் எதிர்வீட்டுக்காரர் விளையாட்டாக மூக்கைப் பிடித்தார், நானும் சேர்ந்து சிரித்தேன். நீ கூடைகளை உன் பக்கத்துக் கடை பாக்கியத்தின் வீட்டில் வைக்க ஆரம்பித்தாய். இரண்டு வேளை குளித்தாய். சந்தன சோப்பு ஒரு வாரம் தாங்கவில்லை. "கருவாட்டுக்கு சோப்பு போட்டு விக்கிறியாக்கா?" என்று அதற்கும் ஒன்று அடித்தேன். நீ சிரிக்கவில்லை. எனக்கு அது சரியாக எடுபடவில்லையே என்றுதான் தோன்றியது.

சித்திரையில், "கொருக்குப்பேட்டயில ரூம்பு ஒண்ணு கீது. மார்க்கெட்டுக்கு கிட்ட. முட்டி வலிக்குதுடா" என்றாய். முட்டி என்று சொன்னதும் எனக்கு வசதியாகிவிட்டது. நம்பிவிட்டேன். உன் டிரங்குப் பெட்டியை நான்தான் ஆட்டோவில் ஏற்றினேன். ஏற்றிவிட்டுத் திரும்பி, "இனிமே கூடம் மணக்கும் பாரு" என்று செல்வியிடம் சொன்னேன். ஆட்டோ இன்னும் கிளம்பியிருக்கவில்லை. உனக்குக் கேட்டதா?

ஆவணியில் நீ கடையிலேயே கூடைக்குப் பக்கத்தில் சாய்ந்துவிட்டாய். மாரடைப்பு என்றார்கள். உன் காரியத்துக்கு வந்தவர்களில் ஒருவர் என் தோளைத் தட்டி, "உங்க அந்த ஜோக்கு மறக்கவே மறக்காது சார்" என்றார். ஆறுதலாகச் சொன்னார். உண்மையாகவே ஆறுதலாகத்தான் சொன்னார்.

கூடம் மணக்கவில்லை, அக்கா. கூடைகள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, நீயே போய்விட்டாய், நாத்தம் மட்டும் அதே இடத்தில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "ரொம்ப நாள் ஊறின வாசனை, போக நாளாகும்" என்று சமாளித்தேன். கார்த்திகை மழையில் அது இரட்டிப்பாகிவிட்டது. செல்வி ஒரு நாள் ஊதுவத்திக் கட்டைத் தூக்கி என் மேலேயே எறிந்தாள்.

"கூடைய அனுப்பினீங்க. அக்காவையும் அனுப்பினீங்க. இன்னும் நாறுது. அடுத்து யார அனுப்பறதுன்னு பாத்தா இந்த வூட்ல நீங்கதான் பாக்கி."

அதன் பிறகுதான் எனக்கு வெட்கம் வந்தது. பிளம்பர் வந்தார். குளியலறைச் சாக்கடையைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்து, "லைன் கிளியர் சார், காத்து எந்தப் பக்கம்னு பாருங்க" என்றார். அவரும் நம்ம ஊர்தான். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் பார்த்தோம். பரண் மேல் செத்த எலி தேடினோம், கிடைத்தது செல்வியின் கல்யாணப் பாத்திரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் நாலு காலில் தவழ்ந்து தரையை மோந்துகொண்டிருந்தேன். வேஷ்டி கட்டிய போலீஸ் நாய். ஒரு மணி நேரத்தில் எல்லா மூலையும் ஒன்றுபோலவே அடித்தது, அப்புறம் எதுவுமே அடிக்கவில்லை.

அப்போதுதான் நீ சரக்கு எடுக்கிற விதம் ஞாபகம் வந்தது. பத்துக் கூடையையும் வரிசையாக மோந்து போக மாட்டாய். ஒரு கூடை, அப்புறம் கடல் பக்கம் பத்தடி நடந்து மூச்சு விட்டுவிட்டு வந்து அடுத்த கூடை. "ஒரே எடத்துல நின்னுகினு மோந்தா மூக்கு செத்துடும்டா. வெளிய போய் உசுரு குடுத்து இட்டாரணும்" என்பாய். அதைச் செய்தேன். தெருவுக்குப் போய் மூச்சு வாங்கினேன். உள்ளே வந்து சமையலறைக்குப் போனேன். வெறும் பெருங்காயம். மறுபடி தெரு. பீரோ, பாச்சா உருண்டை. மறுபடி தெரு. எதிர்வீட்டுக்காரர், "இன்னா சார் வாக்கிங்கா?" என்றார். எட்டாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு கூடத்துக்குள் வந்தேன். மூக்கு நேராக இழுத்துக்கொண்டு போய் நிறுத்தியது.

திவான் கட்டில். உன் படுக்கை.

பலகையைத் தூக்கினால் அடியில் பெட்டி இருக்கிறதே, அதில் என்ன இருந்தது என்று உனக்குத் தெரியும். இருபது வருஷமாக எனக்குப் போர்த்திய பொன்னாடைகள். வெள்ளத்துக்கு முந்தின மார்கழியில் நீ கேட்டாய், "அந்தப் பொட்டியில சும்மா கெடக்கற சால்வையில ரெண்டு குடுடா. காலைல பனி வுழுது, கருவாடு நமுத்துப் போவுது, போத்திக்கிறேன்." நான், "அது எனக்குக் குடுத்த மரியாதைக்கா. கருவாட்டுக்குப் போத்தவா?" என்று சொல்லி, பெட்டிக்கு ஒரு பூட்டும் வாங்கிப் போட்டேன். சாவி என் சட்டைப்பையில்.

வெள்ளத் தண்ணீர் அடிப்பலகை வழியாக உள்ளே புகுந்திருக்கிறது. உன் மெத்தையை மொட்டை மாடியில் காயவைத்தோம், பெட்டியை யாரும் திறக்கவில்லை. பூட்டைத் திறந்து மூடியைத் தூக்கியபோது செல்வி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடிவிட்டாள். பலகை ஊறிப் பூரி மாதிரி உப்பியிருந்தது. பொன்னாடைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கறுத்து, ஜரிகை எல்லாம் பாசி. நடுநடுவே வெள்ளைப் பஞ்சு பூத்திருந்தது. 'சிரிப்புச் சுரங்கம்' என்று எனக்குப் பட்டம் கொடுத்த கண்ணாடிச் சட்டத்துக்குள் தண்ணீர் நின்று, 'சுரங்கம்' மட்டும் மிச்சம் இருந்தது. இவை எல்லாவற்றுக்கும் மேலே, அந்தப் பச்சைப் பொன்னாடை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இதைச் செல்வியிடம்கூடச் சொல்லவில்லை. மாசியில் அந்தப் பச்சையை உள்ளே வைக்க, மூடியை ஒரு சாண் தூக்கி, கையை விட்டுத் திணித்தேன். அப்போது எனக்கும் குப்பென்று அடித்தது. அடிக்காமல் இல்லை. மேலே சுருட்டி வைத்திருந்த உன் படுக்கையைப் பார்த்தேன். உன் நாத்தம் என்று நினைத்து மூடிவிட்டேன்.

கட்டிலை உடைத்து ஏற்றி அனுப்பினோம். பின்னால் இருந்த சுவரிலும் கறுப்பு ஏறியிருந்தது. சுரண்டி, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, இரண்டு கை சுண்ணாம்பு அடித்தேன். கம்பெனிக் காற்று வந்தால் வரட்டும் என்று நாலு நாள் ஜன்னல்களைத் திறந்தே போட்டோம். நாத்தம் போய்விட்டது. முழுசாகப் போய்விட்டது. தெருவுக்குப் போய் உசிர் கொடுத்துவிட்டு வந்துகூட மோந்து பார்த்துவிட்டேன்.

பாதிப் பொன்னாடைகள் கையில் எடுத்ததும் பிய்ந்துபோயின. தேறியவற்றை வெந்நீரில் சோடா உப்புப் போட்டு மூன்று தரம் அலசி, மொட்டை மாடியில் ஒரு வாரம் வெயில் காட்டினேன். மூட்டை கட்டிக்கொண்டு காசிமேட்டுக்குப் போனேன். உன் இடத்தில் இப்போது பாக்கியத்தின் கூடைகள்தான் இருக்கின்றன. என்னைப் பார்த்ததும் சேரை நகர்த்திப் போடவில்லை.

"இன்னா நைனா இந்தப் பக்கம்? ஜோக்கு சரக்கு தீந்துபூட்ச்சா?"

எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளம், பெட்டி, பூட்டு எல்லாம். கேட்டு முடிக்கிற வரை கூடையில் இருந்த வாளைக் கருவாட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தாள்.

"ஓ. இப்பத்தான் மூக்கு வந்துச்சா உனுக்கு?" என்றாள். அப்புறம் குரலை இறக்கினாள். "தெனம் காலைல கூடைய எறக்கினதும் கைய நீட்டும் தேசம்மா. 'மோந்து பாருடி பாக்கியம், எம்மேல நாத்தம் அடிக்குதா?' நாங்க சிரிப்போம். கருவாட்டுக்காரி மேல ரோஜாவா மணக்கும்னு. மொதல்ல அதுவும் கூட சிரிச்சிச்சு. கொருக்குப்பேட்ட வந்தப்பறம் சிரிக்கல. 'எங்கிட்டதான்டி ஏதோ கீது. தம்பி வூடு பெரிய மனுஷங்க வந்துபோற எடம், நம்மளால இன்னாத்துக்கு பேஜாரு'ன்னுச்சு."

நான் மூட்டையைக் கீழே இறக்கி வைத்தேன்.

"இத்த கேளு. கடசி ரெண்டு மாசம் சரக்கு எடுக்கறதுக்கே என்னத்தான் கூட்டினு போவும். 'நீ மோந்து சொல்லுடி, எம்மூக்கு சரியில்ல'ங்கும். அது மோந்து சொல்றத வச்சுதான் இந்த வரிசையில எல்லாரும் சரக்கு எடுப்போம். அதுக்கு அது மூக்கு சரியில்லையாம்."

இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, அக்கா. நீ கோபித்துக்கொண்டு போனாய் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். கோபமாகவே போயிருக்கலாமே. என்னை நாலு அறை விட்டுவிட்டுப் போயிருக்கலாமே. நீ போய் என்னை நம்பிவிட்டாய். மைக்கில் சொன்னதை எல்லாம் நம்புகிற ஆளா நீ?

பாக்கியம் மூட்டையைப் பிரித்தாள். ஒரு ஆரஞ்சுப் பொன்னாடையை உதறி முகத்துக்குக் கொண்டு போனாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். "போய்டுச்சு. வா, குந்து," என்று சேரைத் தள்ளினாள். இப்போது நம் வரிசையில் ஏழு கூடைகள் காலைப் பனிக்கு ஜரிகை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. என்னைவிட அதுகளுக்கு நன்றாகவே பொருந்துகிறது.

பச்சை மட்டும் என்னிடம் இருக்கிறது. அடுத்த வாரம் மாசித் திருவிழா, அதே பந்தல். விழாக் குழுவிலிருந்து இப்போதே வந்து, "கருவாட்டு அக்காவ மறக்காம சொல்லிடுங்க சார்" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். சொல்லத்தான் போகிறேன். அந்தப் பச்சையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறுவேன். டாக்டர், நர்ஸ், எல்லாரும் வருவார்கள். இந்தத் தடவை டாக்டர் முன்னால் உட்காருகிறவன் நான். "இந்தாளு உள்ள வந்ததுலேர்ந்துதான் சார்" என்று நர்ஸம்மா என்னைப் பார்த்துச் சொல்வாள். பிறகு, நாத்தம் யாருடையது, யாருடைய மூக்கு சரியாக இருந்தது என்று உன் பேரைச் சொல்லியே சொல்வேன். பாக்கியத்தை முதல் வரிசைக்குக் கூப்பிட்டிருக்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், சிரிக்காவிட்டாலும் முழுசாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் இறங்குவேன். இது சத்தியம், அக்கா.

இப்படிக்கு,
அந்த நாத்தத்துக்குச் சொந்தக்காரன்,
உன் தம்பி சேகரு