ஐந்தாவது வளையம்

என் இடக்கைக்காரிக்கு, அப்பா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருக்கவேண்டும் என்று நினைத்தபடிதான் பேனாவைத் திறந்தேன். இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், மற்றதைப் பின்னால் சொல்கிறேன். வாரா வாரம் போனில் முகம் பார்த்துப் பேசுகிற மனிதர் எதற்குத் திடீரென்று காகிதத்தைக் கெடுக்கிறார் என்று யோசிப்பாய், அது அம்மா போட்ட உத்தரவு, அந்தக் கதைக்கும் வருகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மருத்துவர் நடக்கச் சொன்னார், அவளோ வீட்டுக்குள்ளேயே சுவரோரமாகச் சுற்றிச் சுற்றி நடக்கிறாள், குறுக்கே நான் வந்தால் கோபம் வருகிறது. சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுக ஆரம்பித்திருக்கிறது. குழாய்க்காரர் மூன்று தடவை வந்து மூன்று தடவையும் சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார், குழாய்க்கு மட்டும் அது இன்னும் தெரியவில்லை. பக்கத்து வீட்டுத் தையல்காரர் என் பச்சை நைலான் நூலில் ஒரு சுருள் கேட்டு வாங்கிப் போய்ச் சட்டைக்குப் பொத்தான் தைத்திருக்கிறார், இனிமே சட்டை கிழிஞ்சாலும் பொத்தான் போகாதுங்க என்று பெருமை வேறு. பட்டறை வேலை குறைவில்லாமல் வருகிறது. இந்த மாதம் மட்டும் ஏழு தூண்டில் கம்பு கட்டினேன். ஒரு வங்கி அதிகாரி தன் மாமனாருக்குப் பரிசு கொடுக்க ஒன்று கேட்டார், மீன் சிக்கணும்னு அவசியமில்ல, அவர் வீட்டை விட்டு வெளிய போனா போதும் என்றார். இப்படியாக நாள் ஓடுகிறது.

சுற்றி வளைத்தது போதும். சென்ற மாதம் மாப்பிள்ளை எனக்குத் தனியாகப் போன் செய்தார். சொன்னதற்காக அவரிடம் சண்டைக்குப் போகாதே, பாவம், அலுவலக வாசலில் நின்றுகொண்டு குரலைத் தாழ்த்திப் பேசினார். அவ குழந்தையைத் தூக்கிக்கிட்டு மாடிப்படி இறங்க மாட்டேங்கறா மாமா, நான் வர்ற வரைக்கும் மேலயே உக்காந்திருக்கா, ஷூ நாடாவைக் கட்டினாக்கூட என்னைக் கூப்பிட்டு இழுத்துப் பாக்கச் சொல்றா, கேட்டா என் கையை நம்பாதீங்கன்னு சொல்றா என்றார். கையா, எந்தக் கை என்று நான் ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்டேன். தெரியாமல் என்ன, எனக்குத்தான் முழுக்கத் தெரியும். போனை வைத்துவிட்டுப் பட்டறை முக்காலியில் உட்கார்ந்தவன் அம்மா வந்து கூப்பிடும்வரை எழுந்திருக்கவில்லை. ஆறு வருடமாக நீ இந்தப் பக்கமே வராததற்கு விடுமுறை இல்லை, டிக்கெட் இல்லை, குழந்தைக்குச் சளி என்று நீ சொன்ன காரணங்களையெல்லாம் நானும் நம்புகிற மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு அது வசதியாக இருந்தது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

இப்போது நடந்ததைக் கேள். மூன்று வாரம் முன்பு காலையில் ஒரு ஆள் வந்தார். படகுகளின் அடிப்பாகத்தை முங்கிச் சுரண்டிச் சுத்தம் செய்கிற தொழில் அவருக்கு, உப்பில் ஊறிப் புருவமெல்லாம் வெளுத்திருந்தது. கையில் சாக்கில் சுற்றிய ஒரு கம்பு. பாறை இடுக்குல சொருகியிருந்துச்சுண்ணே, இந்த வருஷம் தண்ணி ரொம்ப உள்வாங்குச்சு, அதான் கண்ணுல பட்டுச்சு, யாரோ நல்லா உசுரக் குடுத்துக் கட்டியிருக்காங்க, நரம்பு ஓடற வளையத்துல ஒண்ணே ஒண்ணுதான் போயிருக்கு, அதை மட்டும் போட்டுக் குடுங்க என்றார். சாக்கைப் பிரித்தேன். சிப்பியும் பாசியும் அப்பிக் கிடந்தது, ரீல் துருப்பிடித்து உதிர்ந்துபோய் அதன் அடிக்கட்டை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. பிடிக்கு மேலே கட்டைவிரலால் தேய்த்தபோது பிசினுக்கு அடியில் வெள்ளை மையில் இடப்பக்கம் சாய்ந்த எழுத்து தெரிந்தது. வாலு. உன் தம்பியை நீ கூப்பிடுகிற பேர், நீ எழுதியது. அவர் எட்டிப் பார்த்து, வாலுன்னு ஒரு கம்பெனியாண்ணே, நான் கேள்விப்பட்டதே இல்லையே என்றார். அடுத்த மாதம் வாங்க என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

உன் தம்பியின் கம்பைப் பட்டறையில் இரண்டு கவைகளின் மேல் கிடத்தினேன். பேய் பிசாசை நம்புகிறவன் இல்லை நான், உனக்கே தெரியும். ஆனால் அவன் போனதிலிருந்து நான் கம்பில் வளையத்தை வைத்து நூல் சுற்றும்போது நாற்பதாவது சுற்று ஐம்பதாவது சுற்று வரும் சமயம் மேசை லேசாக ஆடும். அவன் எப்போதும் மேசையின் அந்த மூலையில் இடுப்பைச் சாய்த்து நின்று ஆட்டுவானே, முடிஞ்சுதாப்பா முடிஞ்சுதாப்பா என்று, அதே ஆட்டம். மேசைக் கால்களைத் தரையில் திருகாணி போட்டு இறுக்கிவிட்டேன், அப்புறமும் ஆடுகிறது. அம்மாவிடம்கூட இதைச் சொன்னதில்லை. கம்பு வந்தபிறகு இன்னொன்று. தினமும் காலையில் கதவைத் திறந்தால் அதன் நுனிக்கு நேர்கீழே தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். உள்ளே குழலாக இருக்கிற கம்பு, இத்தனை வருடம் குடித்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுகிறது, அவ்வளவுதான், காரணம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த ஈரத்தை மிதிக்காமல் தாண்டித் தாண்டிப் போனேன். நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு. அம்மா தினமும் ஒரே வெள்ளைத் துணியால் அதைத் துடைத்தாள். துணியைச் சாக்கடையில் பிழியவில்லை. அப்படியே கொடியில் போட்டுக் காயவைத்து மடித்துத் தன் அலமாரியில் வைத்துக்கொண்டாள். பட்டறைக்குள் இருந்துகொண்டு அவன் வழக்கமாக அடிக்கிற விசில் கேட்கிறதா என்று நாங்கள் இரண்டு பேரும் காது கொடுப்பதும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டால் இருமுவதுமாக ஒரு வாரம் போனது.

பிறகு பழைய பல்துலக்கியும் வினிகரும் எடுத்துக்கொண்டு சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். ஒவ்வொரு வளையமாக, பூதக்கண்ணாடி வைத்து. உனக்கு நினைவிருக்கும், நீ கம்பை உருட்டுகிற திசையே எனக்கு எதிர்த்திசை, அதனால் உன் நூல் இடப்பக்கமாகச் சாயும், என்னுடையது வலப்பக்கமாகச் சாயும். எத்தனை முறை அதற்காக உன்னைக் கிண்டல் செய்திருக்கிறேன், கண்ணாடிக்குள்ளிருந்து கட்டுகிறாயா என்று. மொத்தம் பத்து வளையம். பிடியிலிருந்து எண்ணினால் ஐந்தாவதைக் காணோம். மற்ற ஒன்பதும் உன்னுடையவை. உலோகம் அரித்திருக்கிறது, பிசின் மஞ்சளாகிவிட்டது, ஆனால் நூல் கிண்ணென்று இருக்கிறது மகளே, நகத்தால் நெம்பிப் பார்த்தேன், குறடால் இழுத்துப் பார்த்தேன், ஒன்றுகூட அசையவில்லை. மூன்றாவதிலும் எட்டாவதிலும் சுற்றுக்குச் சுற்று முடி அளவு இடைவெளிகூட இருக்கிறது, அதற்குத்தான் உன்னை நான் வாய் ஓயாமல் திட்டுவேன், அவையும் அசையவில்லை. ஐந்தாவது இருந்த இடத்தில் வளையம் உருவிப்போன தடம் மட்டும் தங்கி அதன்மேல் அரை விரல் நீளம் நூல் மிச்சம். சுத்தமான, நெருக்கமான, இடைவெளியே இல்லாத கட்டு. வலப்பக்கம் சாய்ந்திருந்தது.

அது நான் கட்டியது. இதை நீ அறியமாட்டாய், இந்த உலகத்தில் என்னைத் தவிர யாரும் அறியமாட்டார்கள். உன் தம்பி போன அன்றைக்குக் காலையில் நீ வேலைக்குப் புறப்பட்டுப் போனபிறகு, அவன் குளித்துக்கொண்டிருந்தபோது, நீ கட்டி முடித்த கம்பை எடுத்துக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தேன். ஒரு வளையத்தில் இரண்டு சுற்றுக்கு நடுவில் வெளிச்சம் தெரிந்தது. என் பட்டறையிலிருந்து இப்படி ஒரு கம்பு வெளியே போவதா என்று ஒரு திமிர். நீ கட்டி, பிசின் பூசி, அது வழியாமல் இருக்க மோட்டாரில் மெதுவாகச் சுழலவிட்டு, முழுதாக இரண்டு நாள் உலர்ந்த கட்டு அது, பிளேடால் அறுத்து எடுத்தேன். புதிதாகச் சுற்றினேன். பிசினைக் கலந்து பூசினேன், அது இறுக ஒரு நாளாவது வேண்டும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவன் நான். மீன்பிடிக்கக் கூட்டிப்போக அவன் கூட்டாளி வாசலில் வண்டியை உறுமவிட்டுக்கொண்டிருந்தான், இவன் மேசை மூலையில் சாய்ந்து முடிஞ்சுதாப்பா என்று ஆட்டினான். பிசின் பிசுபிசுப்பாக இருந்தபோதே தூக்கிக் கொடுத்தேன். வளையத்தைத் தொடாம எடுத்துட்டுப் போடா, வெயில்ல காஞ்சிடும் என்றேன். அவனிடம் நான் பேசிய கடைசி வார்த்தை அதுதான்.

பாறைமேல் ஒரு வளையம் கழண்டு தூண்டில் நரம்போடு சறுக்கிப்போய்ச் சிக்கிக்கொண்டதென்றும் அதை விடுவிக்கக் குனிந்தவனை அலை இழுத்ததென்றும் அவன் கூட்டாளி வந்து அழுதான். எந்த வளையம் என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. மூன்றாம் நாள் உன் தம்பி கரைக்கு வந்தான், கம்பு வரவில்லை. கூடம் நிறைய ஆட்கள் இருக்கும்போது நீ சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நான்தான் கட்டினேன், நான்தான் கட்டினேன் என்றாய். உனக்கும் எனக்கும் நடுவில் இரண்டு அடிதான் இருந்தது. சொல்லிவிட மூச்சை இழுத்தேன். சொல்லவில்லை. பத்தில் ஒன்றுதானே என்னுடையது, கழண்டது மற்ற ஒன்பதில் ஒன்றாகவும் இருக்கலாமே என்று ஒரு கணக்கு உள்ளே ஓடியது. அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டு ஆறு வருடம் சாப்பிட்டேன், தூங்கினேன், வங்கி அதிகாரியோடு சிரித்தேன். நான் அறுத்தது நாலாவதோ ஐந்தாவதோ என்றுகூட எனக்கு நானே குழப்பிக்கொண்டேன். மனசுக்குத் தெரியும், ஐந்தாவது. உன் கட்டை நான் தொடாமல் விட்டிருந்தால் அது இன்றைக்கும் அங்கேயே இருக்கும், பக்கத்தில் இருக்கிற ஒன்பதும் அதற்குச் சாட்சி. அவனை நான் கொன்றேன் என்று எழுத வரவில்லை, எழுதாமலும் இருக்க முடியவில்லை. உன்னை ஆறு வருடம் அணு அணுவாகக் கொன்றது மட்டும் நான்தான், அதில் சந்தேகமே இல்லை.

அம்மாவிடம் முந்தாநாள் மத்தியானம் சொன்னேன். அந்தத் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். முழுவதும் கேட்டுவிட்டு, அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா என்றாள். பாதி தெரியும் என்றேன். பாதி தெரிஞ்சவரு பாதியையாவது அவகிட்ட சொல்லியிருக்கலாமே என்றாள். அதற்கப்புறம் தட்டை வைக்கிறாள், எடுக்கிறாள், அவ்வளவுதான். நேற்று மாலை நான் போனை எடுப்பதைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள். போன்ல சொல்லாதீங்க, காத்தோட போயிடும், உங்க கையால எழுதி உங்க பேரைப் போட்டுக் குடுங்க, அவ அதை வச்சுக்கிட்டுத் திரும்பத் திரும்பப் படிக்கணும், இல்லேன்னா நம்பமாட்டா என்றாள். அவள் சொன்னது சரி. உன்னை நீயே குற்றவாளியாக்கிக்கொள்ள உனக்கு யார் சாட்சியும் தேவைப்படவில்லை, விடுவிக்கத்தான் சாட்சி வேண்டும். மிச்சமிருந்த அந்த நூல் துண்டைக் கம்பிலிருந்து அறுக்கவில்லை, இன்னொரு முறை அந்தக் கம்பில் நான் பிளேடு வைக்கமாட்டேன். பெரிதாகத் தெரிகிற மாதிரி படம் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன், பக்கத்தில் உன் நாலாவதும் ஆறாவதும் தெரியும். சாய்மானத்தைப் பார், பத்துத் தடவை பார். முங்குகிற தொழில்காரர் நேற்று வந்தபோது இது என் பையனுடையது என்றேன். தொப்பியைக் கழற்றிக்கொண்டு, அந்த எடத்துல தண்ணி அமைதியாத்தான் இருக்குண்ணே என்று சொல்லிவிட்டுக் கம்பைத் தொடாமலேயே போய்விட்டார்.

நீ என்னைத் திட்டு, பேசாமல் இரு, இந்தப் பக்கம் வராமலே இரு, எதுவானாலும் எனக்கு ஏற்றதுதான். மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. அம்மாவிடம் மட்டும் பேசு, அவள் மேல் தப்பில்லை. மாப்பிள்ளைக்கு என் ஆசி, பொறுமையான மனிதர், அவரை நோகடிக்காதே. குட்டி நீண்ட ஆயுசோடு குறும்போடு வளரட்டும். நாளைக்குக் காலையில் அவளை நீயே தூக்கு, மாடிப்படியை நீயே இறங்கு, மாப்பிள்ளையைக் கூப்பிடாதே, நாடாவைக் கட்டினால் கட்டியதுதான், யாரும் இழுத்துப் பார்க்க வேண்டாம். ஒன்றை மட்டும் மறக்காதே. உன் தம்பிக்கு என்ன ஆனது என்று யாராவது கேட்டால், நாளைக்குக் குட்டி பெரியவளாகிக் கேட்டாலும், கூடத்துச் சுவரில் முட்டிக்கொண்டு சொன்னாயே, அதை இனி சொல்லாதே. அப்பா கட்டியது என்று சொல்.

இப்படிக்கு,
கட்டியவன்,
உன் அப்பா