திருப்பிப் போட்ட கேஸ்கெட்

ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் போய்விட்ட என் மச்சான் சேகருக்கு,

உன் அக்காதான் எழுதச் சொன்னாள். "மனசுல வச்சிக்கிட்டு கெடக்காதீங்க. அவன்கிட்டயே சொல்லிருங்க" என்றாள். நீ போய் ஏழு மாதமாகிறது. இங்கே பத்து காஜா ஊரில் இன்று மதியத்திலிருந்து மழை. டிராக்டர் பின்கொட்டகையில் நிற்கிறது. ஓடுகிறது சேகர். இப்போது நன்றாகவே ஓடுகிறது.

உனக்குத் தெரிந்த கதையைத்தான் முதலில் சொல்கிறேன். நான் இதுவரை ஒழுங்காகச் சொன்னதில்லை.

நம் தோட்டத்தில் இப்போது ரப்பர் மரமும் இல்லை, வீடுகளும் இல்லை. செம்பனை மரங்களுக்கு நடுவே கோயில் மட்டும்தான். திருவிழாவுக்கு மட்டும் ஈப்போவிலிருந்தும் தைப்பிங்கிலிருந்தும், அங்கிருந்து பெயர்ந்து போன எல்லோரும் வந்துவிடுவார்கள். கொடி படர்ந்து கிடந்த அந்தப் பழைய தோட்டத்து டிராக்டரை ஓட வைத்து, அதைக்கொண்டே சாமி ரதத்தை இழுக்கலாம் என்று ஆசைப்பட்டவன் நான். பஸ் பட்டறையில் இருபது வருடம் கை கறுத்தவன் நீ. உன்னையும் இந்த வேலைக்குள் இழுத்துவிட்டேன்.

நீ பயந்ததெல்லாம் சூட்டுக்குத்தான். "பழைய இஞ்சினு வயசால சாவாது மச்சான், சூட்டாலதான் சாவும்" என்பாய். இஞ்சினுக்குள் தண்ணீர் ஓடும் வழியில் அடைந்து கிடந்த துருவை, தண்ணீர் தெளிவாக வரும்வரை இரண்டு நாள் கழுவினாய். சூடேறினால் திறந்து தண்ணீரை விடும் தெர்மோஸ்டாட்டை உன் மனைவி கலாவின் பானையில் போட்டுக் கொதிக்கவைத்து, திறக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாய். பானை போச்சு என்று கலா கத்தினாள்.

"ரதம் மெதுவாப் போவும், சுமை ஜாஸ்தி. மண்ணு ஏத்தி ஒரு தரம் இழுத்துப் பாக்கலாம்லா" என்றாய்.

"திருவிழாவுக்கு நாலு நாள்தான்டா இருக்கு. அதான் ஓடுதுல்ல?" என்றேன்.

திருவிழா அன்று ரதம் பாதி வழிகூடப் போகவில்லை. ரேடியேட்டரிலிருந்து ஆவி பீறிட்டது. இஞ்சின் இறுகி நின்றுவிட்டது. யாரோ ஒருவர் வாளியில் பச்சைத் தண்ணீரோடு ஓடிவந்தார். டிராக்டரை ஓட்டிய நீ குதித்திறங்கி, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு முன்னால் நின்றாய். "ஊத்தாதீங்கண்ணே, வெடிச்சிடும்! தானா ஆறட்டும்!"

நான் என்ன செய்தேன்? அத்தனை பேர் முன்னால் உன்னை ஏசினேன். "தண்ணி பாத்தியா இல்லையாடா? சாமி காரியத்துல இப்படியா வேலை செய்வே?" மேளம்கூட நின்றுவிட்டது. நீ என்னைப் பார்த்தாய். பிறகு சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, கயிற்றைப் பிடித்த ஆட்களோடு சேர்ந்து ரதத்தை இழுக்கப் போய்விட்டாய்.

அதற்குப் பிறகு நீ வீட்டுக்கு வரவில்லை. தீபாவளிக்கும் கலாவைத்தான் அனுப்பினாய். 'கோபம் தணியட்டும், நானே போய்க் கூப்பிடுகிறேன்' என்று நாளைத் தள்ளிக்கொண்டே இருந்தேன். யாருடைய கோபம் தணிவதற்குக் காத்திருந்தேன்? ஒரு காலையில் பட்டறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய் என்று போன் வந்தது. நான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து இஞ்சினைத் திறந்தேன். மேல்மூடியையும், அதற்கும் இஞ்சினுக்கும் நடுவே வைக்கும் கேஸ்கெட் தகட்டையும், ஈப்போவில் பட்டறை வைத்திருக்கும் ஒரு சீனத் தவுக்கேயிடம் கொண்டுபோனேன். அவர் கேஸ்கெட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "தெர்பாலிக்லா இது" என்றார். அதாவது, திருப்பி மாட்டியிருந்தது. அதனால் பின்பக்கம் தண்ணீர் ஏறவேண்டிய துளைகள் எல்லாம் அடைபட்டிருந்தன. சும்மா ஓடும்போது தெரியாதாம், சுமை இழுத்தால் பின்பக்கம் வெந்துவிடுமாம். மூடி கொஞ்சம் வளைந்ததோடு தப்பித்தது, சூட்டில் பச்சைத் தண்ணீர் பட்டிருந்தால் பிளந்திருக்கும் என்றார்.

"யார் மாட்டினது?" என்று கேட்டார்.

எனக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. நீ போல்ட் வாங்கப் போயிருந்த அந்த ஒரு மணி நேரத்தில், உனக்கு வேலை மிச்சமாகட்டும் என்று நான்தான் அதை மாட்டி மூடியை வைத்தேன். ஆனால் என் வாய் என்ன சொன்னது தெரியுமா? "என் மச்சான். இறந்துட்டாரு" என்றேன். தவுக்கே பரிதாபப்பட்டுத் தலையாட்டினார்.

இறந்த பிறகும் உன்மேல் ஒரு முறை பழி போட்டேன், சேகர். வேனில் ஏறினேன்.

நேராகக் கலாவிடம்தான் போனேன். சமையலறை வாசலில் நின்றபடியே சொன்னேன். அவள் அடுப்பை அணைத்தாள். அழவில்லை.

"அன்னிக்கு அவரு சாப்பிடல அண்ணே. தண்ணி பாத்தேன் கலா, ரெண்டு தரம் பாத்தேன்னு மட்டும் சொல்லிக்கிட்டே இருந்தாரு" என்றாள். "எல்லாரு முன்னாலயும்தான ஏசினீங்க? எங்கிட்ட மட்டும் சொன்னா எப்படி?"



உனக்குத் தெரிந்திருந்ததா? போல்ட்டை முறுக்கியவன் நீ. கேஸ்கெட்டின் விளிம்பு வெளியே தெரியும். அன்று ஆவிக்கு முன்னால் நின்றபோதாவது புரிந்திருக்குமோ? தெரிந்தும் எனக்காக வாயை மூடிக்கொண்டாயோ? தெரியாமலே, உன் வேலைதான் பிழையோ என்று உள்ளுக்குள் தேடித் தேடிப் போனாயோ? இரண்டில் எது உண்மையானாலும் எனக்குத் தூக்கம் வராது.

மூடியைச் சமமாக இழைத்து வாங்கினேன். புதுக் கேஸ்கெட்டைத் துளைக்குத் துளை பொருத்திப் பார்த்துவிட்டுத்தான் மாட்டினேன். மண் ஏற்றிய வண்டியைக் கட்டி, செம்பனைப் பாதையில் நான்கு நாள், ரதம் போகிற வேகத்திலேயே இழுத்தேன். பக்கத்தில் யாரும் இல்லை.

போன ஞாயிறு திருவிழா. ரதம் கிளம்புமுன் கோயில் தலைவரிடம் மைக்கைக் கேட்டு வாங்கினேன். "போன வருஷம் இஞ்சின் நின்னது சேகரோட தப்பு இல்ல. கேஸ்கெட்ட திருப்பி மாட்டினது நான். ஏசினதும் நான்" என்றேன். "போனவனப் பத்தி இப்ப எதுக்கு, விடுங்கலா" என்றார் ஒருவர். கலா தூணோரம் நின்று கேட்டாள். அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு, என்னிடம் ஒன்றும் பேசாமல் பஸ் ஏறிவிட்டாள்.

ரதம் முழுச் சுற்றும் வந்தது. சூடு காட்டும் முள் நடுவைத் தாண்டவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு, போன வருடம் நீ ஓட்டிய அந்த இருக்கையில் உட்கார்ந்திருக்கவே கூசியது.

ஈப்போ தவுக்கேயிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. நாளைக் காலை கடை திறந்ததும் போய்ச் சொல்கிறேன். அவருக்கு இது ஒன்றுமில்லாத விஷயமாக இருக்கலாம், மறந்தேகூடப் போயிருக்கலாம். இருந்தாலும் உன்னைத் தெரியாத ஒரு மனிதரின் மனதில்கூட நீ வேலை தெரியாதவனாக இருக்கக்கூடாது. இது சத்தியம்.

இப்படிக்கு,
உன் அக்காவைக் கட்டியவன்,
உன் மச்சான் மணியம்