அமாவாசைக்குக் குளிரும் தெரு

காஞ்சிபுரம்
3-9-2003

திரு. சிவபாலன் அவர்களுக்கு,

அம்சவேணி எழுதுவது. நான் நலம். நீங்கள் நலம் என்பதை உங்கள் அம்மா வாரம் தவறாமல் வந்து சொல்லிவிட்டுப் போகிறார். அதனால் அந்தக் கேள்வி இங்கே தேவையில்லை.

"மேலிடத்தில் மாற்றிவிட்டார்கள், நான் என்ன செய்ய?" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாகப்பட்டினம் போனவருக்கு எழுதுவதில்லை என்று பதினான்கு மாதமாக வைராக்கியமாகத்தான் இருந்தேன். இது பள்ளி விஷயம். எனக்குத் தெரிந்த ஒரே வானிலைக்காரர் கட்டிய கணவராக இருப்பது என் தலையெழுத்து.

எங்கள் பள்ளியில் பசுமைப் படை தொடங்கியிருக்கிறோம். பொறுப்பு என் தலையில். பூமி சூடாகிறது, பருவம் தப்புகிறது என்பதையெல்லாம் பிள்ளைகள் படித்து, அவரவர் தெருவுக்கும் எடுத்துச் சொல்ல வேண்டும். நம் தெருவில் ஒரு கூட்டம் போட அனுமதி கேட்டுப் பெரியதனக்காரர் குமாரசாமி பெரியப்பாவிடம் மூன்று முறை நடந்தேன். "காஞ்சிபுரம் என்னிக்கும்மா குளிர்ந்துச்சு? போய்ப் புள்ளைங்களுக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடு" என்று அனுப்பிவிட்டார்.

பிறகுதான் அதிசயம் நடந்தது. ஜூன் மாதத்திலிருந்து பிள்ளைகள் தினமும் காலை ஒன்பது மணிக்குத் தெருவில் வெப்பநிலை எடுக்கிறார்கள். நாள் முழுக்க நிழல் விழும் ஒரு சுவரில் தெர்மாமீட்டரை மாட்டியிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகூட விடுவதில்லை. எல்லா நாளும் முப்பத்தாறு, முப்பத்தேழு. அமாவாசையன்று மட்டும் முப்பது! மூன்று அமாவாசையும் அப்படியே. எட்டாம் வகுப்புக் கீர்த்திதான் கண்டுபிடித்தாள். பெரியப்பா காதுக்கு அது போனதும் ஆளே மாறிவிட்டார். "பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? அன்னிக்கு பூமியே மூச்சு வாங்குதும்மா!" என்று, வருகிற 21ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை அவரே கூட்டம் போடுகிறார். மைக், மாலை எல்லாம் உண்டு.

அமாவாசைக்கு ஏன் குளிர்கிறது என்று ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பவும். பிள்ளைகள் எடுத்த குறிப்பை நகல் எடுத்து இணைத்திருக்கிறேன். இந்தக் கூட்டம் கெட்டால் இந்தத் தெரு இனி எனக்குக் காது கொடுக்காது.

இப்படிக்கு,
அம்சவேணி


நாகப்பட்டினம்
8-9-2003

அம்சவேணிக்கு,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்துவிட்டு மத்தியானம் வரை பிரிக்காமல் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். பள்ளி விஷயம் என்று தெரிந்த பிறகும் சந்தோஷம் குறையவில்லை. அதை எழுத எனக்கு உரிமை உண்டா தெரியவில்லை, எழுதிவிட்டேன்.

இங்குள்ள பதிவேட்டைப் புரட்டினேன். மூன்று அமாவாசையும் முந்தின நாளைப் போலவேதான் இருந்திருக்கின்றன. சந்திரனுக்கு நம் தெருவோடு மட்டும் தனியாக ஏதும் உறவு இருப்பதாகத் தெரியவில்லை.

இன்னொன்றையும் கவனி. ஆகஸ்டில் விடிய விடிய மழை பெய்ததாகப் பிள்ளைகள் ஓரத்தில் குறித்திருக்கிறார்கள். மறுநாள் காலையிலும் முப்பத்தாறுதான். மழை பெய்தும் இறங்காத சூடு ஆகாயத்திலிருந்து வருவதில்லை. அமாவாசையன்று நம் தெருவில் எதெல்லாம் ஓய்வெடுக்கும் என்று யோசி. அது யார் வீட்டுச் சுவர்? அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது? பள்ளி வேப்பமரத்தடியில், சுவரை விட்டுத் தள்ளி இன்னொரு தெர்மாமீட்டரைக் கட்டி ஐந்து நாள் ஒப்பிட்டுப் பார்.

பிள்ளைகளைத் திட்டாதே. அவர்கள் கண்டதைக் கண்டபடி எழுதியதால்தான் தப்பு அகப்பட்டது.

பெரியப்பா கோபக்காரர். எல்லாவற்றையும் அவரிடம் போட்டு உடைக்காதே. தெர்மாமீட்டர் கெட்டுப்போய்விட்டது என்று சொல்லிவிடு, கூட்டம் பாட்டுக்கு நடக்கட்டும்.

சிவபாலன்


காஞ்சிபுரம்
22-9-2003

சிவபாலன் அவர்களுக்கு,

அது சாயக்காரர் தனசேகரன் வீட்டுச் சுவர். பின்னாலேயே சாய அடுப்பு. விடியற்காலையில் மூட்டினால் மத்தியானம் வரை எரியும். அமாவாசைக்குத் தறி நிற்கும், சாயமும் நிற்கும், அடுப்பும் அணைந்திருக்கும். சுவர் குளிராமல் என்ன செய்யும்? பிறந்த நாளிலிருந்து அந்த அடுப்பைத் தாண்டித்தான் நடக்கிறேன். தறிச் சத்தமே பழகிப்போய்க் காதில் விழாத தெருவில் அடுப்புச் சூடு மட்டும் உறைக்குமா? வேப்பமரத்தடியில் ஐந்து நாளும் முப்பதுதான். முதல் நாள் கீர்த்தி அழுதாள், இரண்டாம் நாள் சிரித்தாள். எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

தெர்மாமீட்டர் மேல் பழியைப் போடச் சொன்னீர்கள். போட்டிருந்தால் அப்புறம் எந்த வாயால் வகுப்பில் நின்று "அளந்ததை அளந்தபடி எழுது" என்று சொல்வேன்?

கூட்டத்துக்கு இருநூறு பேர் வந்திருந்தார்கள். பெரியப்பா மாலையோடு எழுந்தார். நான் மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கி, "மாலை அப்புறம் இருக்கட்டும் பெரியப்பா. நாங்க தப்பா அளந்துட்டோம். அமாவாசைக்கும் சூட்டுக்கும் சம்பந்தமில்ல" என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பக்கத்தில் கீர்த்தி இரண்டு தெர்மாமீட்டரையும் தூக்கிப் பிடித்தபடி விறைப்பாக நின்றாள்.

பெரியப்பா மாலையைக் கையில் வைத்தபடியே கேட்டார்: "அப்போ அன்னிக்கு மூச்சு வாங்கினது பூமி இல்லியா? நம்ம தனசேகரன் அடுப்பா?"

தெருவே சிரித்தது. பெரியப்பாவுக்கும் சிரிப்பு அடங்கவில்லை. தனசேகரன் எழுந்து நின்று நாலு பக்கமும் கும்பிட்டார். அப்போதுதான் அவர் மனைவி அன்னம்மாள் பெண்கள் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தார். "ஏம்மா, என் ஒரு அடுப்பு ஒரு செவுத்தையே இந்தப் பாடு படுத்துதுன்னா, ஊர் உலகத்துல எரியிறது எல்லாம் சேர்ந்து என்னா பண்ணிக்கினு இருக்குது?"

அந்த ஒரு கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்றுதான் மூன்று மாதமாகத் தவம் கிடந்தேன். அடுப்பின் சூடு சாயங்காலத்துக்குள் ஆறிவிடும், அதிலிருந்து கிளம்பும் கரியமில வாயுதான் மேலே தங்கி வெயிலின் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கும் என்று நான் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் படம் காட்டினார்கள். அரைமணி நேரக் கூட்டம் இரண்டு மணி நேரம் ஓடியது. விறகு குறைவாகப் பிடிக்கும் அடுப்பு எங்கே கிடைக்கும் என்று தனசேகரனே கேட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

முடிந்ததும் பெரியப்பா என்னைத் தனியே கூப்பிட்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதச் சொன்னார், எழுதுகிறேன்.

"உன் வூட்டுக்காரரு அன்னிக்கு மழை வராது, தெருவுல பாவு நூலை நீட்டுங்கன்னாரு. நீட்டினோம். என் பேத்தி கல்யாணப் புடவைக்கு வச்ச பட்டு நூல் மொத்தமும் நனைஞ்சுபோச்சு. அது போவட்டும், மழை யாரு கையில இருக்குது? ஆனா மறுநாளுலேர்ந்து என் மூஞ்சியப் பார்க்காம சந்துல பூந்து பூந்து போனாரு பாரு, அதாம்மா வலிச்சுது. தப்பாயிடுச்சு பெரியப்பான்னு ஒரு வார்த்தை, அவ்ளோதான் நான் கேட்டது."

அம்சவேணி


நாகப்பட்டினம்
25-9-2003

வேணிக்கு,

உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதே. உன்னை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. என்னை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மேலிடம் என்னை மாற்றவில்லை. நானேதான் எழுதிக் கேட்டேன். பாவு நனைந்த வாரமே கேட்டேன். கதவைத் திறந்தால் தெருவில் இருக்கிறவர்கள் முதலில் வானத்தைப் பார்ப்பார்கள், அடுத்து என்னைப் பார்ப்பார்கள். யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். விண்ணப்பத்தில் 'குடும்பக் காரணம்' என்று எழுதினேன், குடும்பத்திடம் மட்டும் சொல்லவில்லை. பதிமூன்று வயதுப் பெண் இருநூறு பேருக்கு முன்னால் நின்றிருக்கிறாள். நாற்பதை எட்டப்போகும் நான் சந்துக்குள் ஓடினேன். உன்னையும் என்னைப்போல் ஓடச் சொல்லித்தான் போன கடிதத்தில் புத்தி சொன்னேன்.

பெரியப்பாவுக்குத் தனியாக நாலு வரி எழுதி இதனுள் வைத்திருக்கிறேன். படித்துவிட்டே கொடு.

முன்பு தினமும் போய்வந்த சென்னை அலுவலகத்துக்கே திரும்ப ஒரு விண்ணப்பம் எழுதி மேசையில் வைத்திருக்கிறேன். உன்னைக் கேட்காமல் அனுப்பமாட்டேன். வேண்டாம் என்றால் அதையும் ஏற்றுக்கொள்கிறேன். என்னை மன்னித்துவிடு வேணி.

சிவபாலன்


காஞ்சிபுரம்
29-9-2003

அன்புள்ள மாமாவுக்கு,

தெரியும்.

நீங்கள் போன மூன்றாம் நாளே மாற்றல் ஆணையின் நகல் ஒன்று வீட்டு முகவரிக்கு வந்தது. 'சொந்த வேண்டுகோளின் பேரில்' என்று தெளிவாக அச்சடித்திருந்தது. அப்பாவிடம்கூடக் காட்டாமல் என் புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். நீங்கள் போனதற்காக ஒரு வாரம் அழுதிருப்பேன். மிச்ச மாதமெல்லாம், நீங்களாகச் சொல்வீர்கள் என்று காத்திருந்த கோபம்தான். எவ்வளவு பிடிவாதக்காரி என்று உங்களுக்குத் தெரியாதா?

போன வாரம் அமாவாசை வந்தது. பிள்ளைகள் வேப்பமரத்தடியில் அளந்தார்கள். துளிகூடக் குளிரவில்லை. ஓடிவந்து சொன்ன கீர்த்தியின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், ஏதோ பரிசு வாங்கியவள்போல. அடுத்த தெருக்காரர்களும் கூட்டம் கேட்டு வந்திருக்கிறார்கள். 'தப்பு நடந்த கதையையும் சேர்த்துச் சொல்லணும்' என்பது அவர்கள் நிபந்தனை.

உங்கள் நாலு வரியைப் பெரியப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். "சனிக்கிழமை ஆயுத பூஜை. இந்த வருசம் என் தறிக்கு அவன் கையால பொட்டு வைக்கட்டும்" என்றார். உங்களை அவர் 'அவன்' என்று உரிமையோடு சொல்லி எத்தனை நாளாகிவிட்டது!

விண்ணப்பத்தை இன்றே தபாலில் சேருங்கள். இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டாம். பஸ் ஏறுங்கள்.

உங்கள்
வேணி