கேட்காமல் எடுத்த சாவி

பிரிக்பீல்ட்ஸ்
2.3.2024

அன்புள்ள ரோசலினுக்கு,

நல்லம்மாள் எழுதுகிறேன். முட்டி வலி முட்டியோடு இருக்கிறது, மற்றபடி நான் நலம். நீயும் மாரிஸும் மருமகள் ஷெர்லியும் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொல்லலாம் என்றுதான் பார்த்தேன். உனக்கோ காது மந்தம். போன தடவை நான் கத்தியதில் எங்கள் மாடி முழுக்கச் செய்தி போய்விட்டது, உனக்கு மட்டும்தான் போய்ச் சேரவில்லை. அதனால் பேனாவை எடுத்துவிட்டேன்.

செய்தி இதுதான். என் பேத்தி ஷாமினியை மேனேஜர் ஆக்கிவிட்டார்கள். எங்கே என்று கேள். கிள்ளானில், உன் மகன் மாரிஸ் லோரி ஓட்டுகிறானே, அதே யார்டில்! இத்தனை நாள் ஹெட் ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவள். இனி முப்பது டிரைவர்கள் அவள் பொறுப்பு. எல்லாரும் ஆம்பளைகள், பாதிப்பேர் அவள் அப்பா வயது.

"பயமா இருக்கு பாட்டி" என்றாள்.

"உனக்கென்னடி பயம்? அவனுங்க உன்னப் பார்த்துப் பயப்படட்டும்" என்றேன்.

"வேணாம் லா பாட்டி. பயந்தவன் உண்மையச் சொல்ல மாட்டான்."

போன வருடம் ஒரு டிரைவர் தூக்கக் கலக்கத்தில் லோரியைக் கால்வாயில் இறக்கினாரே, அந்த யார்டுதான். அவருக்கு ஒரு மாதமாகவே உடம்பு சரியில்லையாம். சொன்னால் டிரிப் போய்விடும், டிரிப் போனால் சம்பளத்தில் பாதி போய்விடும் என்று வாயைத் திறக்கவில்லையாம். அப்படி ஒன்று இனி நடக்கக் கூடாது என்பதுதான் இவளுடைய ஒரே கவலை.

எனக்குக் கவலை ஒன்றும் இல்லை. கோயிலில் சொல்லிவிட்டேன், பூக்கடையில் சொல்லிவிட்டேன், லிஃப்டில் வந்த ஒரு சீனப் பெண்ணிடமும் சொல்லிவிட்டேன். சுங்கை வே ஃபேக்டரியில் நீயும் நானும் ஒரே லைனில் நின்றபோது, சூப்பர்வைசர் பார்த்தால் தண்ணீர் குடிக்கக்கூடப் பயப்படுவோம். இன்றைக்கு என் பேத்தி மேனேஜர்!

மாரிஸிடம் சொல்லிவை. இனி ஷாமினி காட்டுகிற பக்கம்தான் அவன் வண்டி திரும்ப வேண்டும்.

பெருமையோடு,
நல்லம்மாள்


கிள்ளான்
15.3.2024

அன்புள்ள நல்லம்மாவுக்கு,

ஆண்டவர் கிருபையில் எல்லோரும் இருக்கிறோம். உன் கடிதம் கிடைத்தது. ஷாமினிக்கு என் ஆசீர்வாதம். அவளுக்காகக் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினேன்.

ஆனால் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. முதல் நாளே எல்லார் முன்னாலும் "மாரிஸ், நாளைக்குச் சீக்கிரம் வாங்க" என்றாளாம். மாரிஸ் மாமா, மாரிஸ் மாமா என்று இவன் மடியில் உட்கார்ந்து லோரி ஹாரனை அழுத்திய பிள்ளை! யுகேந்திரன் என்று ஒரு டிரைவர் இருக்கிறான், வாய்க்காரன். "என்னண்ணே, இந்த வயசுல உங்களுக்குப் புதுசாப் பேரு வெச்சிட்டாங்களா?" என்று கேட்டிருக்கிறான். யார்டே சிரித்ததாம். வீட்டுக்கு வந்து இவன் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

இவன் வண்டி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று நீ எழுதியதை நான் அவனிடம் படித்துக் காட்டவில்லை. அது உனக்கு நல்லது.

அன்புடன்,
ரோசலின்


பிரிக்பீல்ட்ஸ்
7.4.2024

அன்புள்ள ரோசலினுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் ஷாமினியைப் பிடித்துக்கொண்டேன். "மாமான்னு கூப்பிட்ட வாயால பேரச் சொல்லுவியாடி?" என்றேன். அவள் கண் கலங்கிவிட்டது. மேனேஜர் பயிற்சியில் எல்லாரையும் ஒரே மாதிரி பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், அப்போதுதான் பாரபட்சம் இருக்காது என்று சொல்லிக் கொடுத்தார்களாம். "மாமாவுக்குச் சங்கடமா இருக்கும்னு தோணவே இல்ல பாட்டி" என்றாள்.

மறுநாள் ஆபீசுக்குள் போகவில்லையாம். டிரைவர்கள் தே தாரிக் குடிக்கிற கடைக்கு நேராகப் போய், உங்களை எப்படிக் கூப்பிடட்டும் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டிருக்கிறாள். மலாய்க்காரர் ஒருவர், அவர்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி அபாங் என்றால் போதும் என்றாராம். யுகேந்திரன், "எனக்கு யுகேன் போதும் பாஸ், ஹேண்ட்சம்னு சேத்துக்கிட்டாலும் கோவிச்சுக்க மாட்டேன்" என்றானாம். உன் பிள்ளை என்ன சொன்னான் தெரியுமா? "யார்டுல மாரிஸ் அண்ணே. டிரிப் பிரிக்கும்போது மட்டும் மனசுக்குள்ள மாமான்னு நெனச்சுக்கோ."

"அதுக்குப் பயந்துதான் லா மாமான்னே கூப்பிடல" என்றாளாம் இவள். சிரித்துச் சிரித்துத் தேத்தண்ணீர் கொட்டியதாம்.

இப்போது இன்னொரு கூத்து. தினமும் காலையில் வண்டி கிளம்பும் முன் எல்லோரையும் கொட்டகைக்குக் கீழே நிற்க வைக்கிறாள். முதலில் தன் தப்பைச் சொல்கிறாள். "நேத்து துறைமுக கேட் மூடியிருக்கான்னு விசாரிக்காம யுகேன அனுப்பிட்டேன். வெயில்ல காக்க வெச்சிட்டேன். என் தப்பு." இப்படி. பிறகு அவர்களில் யாராவது சொல்லலாமாம். சொன்னவனுக்குத் திட்டு இல்லை, தண்டனை இல்லை.

"மேனேஜரே தப்ப ஒத்துக்கிட்டா எவன்டி மதிப்பான்?" என்று திட்டினேன். "பாரு பாட்டி" என்று மட்டும் சொன்னாள். என்னத்தைப் பார்ப்பதோ.

உன்,
நல்லம்மாள்


கிள்ளான்
20.6.2024

நல்லம்மா,

நலம் விசாரிக்க மனசு இல்லை.

உன் பேத்தி தினமும் தன் தப்பைச் சொல்கிறாள் என்று பார்த்துத்தான் என் பிள்ளைக்கும் வாய் திறந்தது. திங்கள்கிழமை கொட்டகையில் அவனே சொல்லியிருக்கிறான். "பொழுது சாஞ்சா எதுக்க வர்ற லைட்டெல்லாம் பூ மாதிரி விரியுது. மழை பேஞ்சா கோடே தெரியல. ஆறு மாசமா இப்படித்தான்." ஷெர்லியிடம்கூட அவன் இதைச் சொன்னதில்லை.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? எல்லார் முன்னாலும் அவன் கையிலிருந்த லோரிச் சாவியை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். "இன்னிக்கு நீங்க ஓட்டக் கூடாது" என்றாளாம்.

லோரிக்காரன் சாவி என்றால் என்னவென்று உனக்குத் தெரியாது. அந்த யார்டில் ஒருவன் சாவியை இன்னொருவன் தொட மாட்டான். முதலாளிகூடக் கை நீட்டிக் கேட்டு, இவன் கொடுத்தால்தான் வாங்குவார். வேலையை விட்டு நிறுத்தும்போது மட்டும்தான் சாவியைக் கேட்காமல் எடுப்பார்கள். முப்பது பேர் பார்க்க, இவன் தூக்கி வளர்த்த பெண் எடுத்தாள்.

உண்மையைச் சொன்னால் தண்டனை இல்லை என்று சொன்னது யார்? இப்போது வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். சும்மா இருந்தவனைப் பேச வைத்து அவன் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டாள்.

அவள் காட்டும் பக்கம்தான் வண்டி திரும்ப வேண்டும் என்றாயே. திரும்பிவிட்டது. இனி எனக்கு எழுத வேண்டாம்.

ரோசலின்


பிரிக்பீல்ட்ஸ்
28.6.2024

அன்புள்ள ரோசலினுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதாமல் என்னால் இருக்க முடியவில்லை. படிக்காமல் போட்டுவைத்தாலும் சரி.

சாவியைக் கொடுத்துவிடு என்று ஷாமினியிடம் கெஞ்சினேன், அழுதேன். கோபத்தில் சோறு போட மாட்டேன் என்றுகூடச் சொன்னேன். அவள் அசையவில்லை. "ரோசலின் பாட்டி என்னோட பேசலன்னா பரவால்ல. மாமா உயிரோட இருக்கணும்" என்றாள். நான் எழுந்து போய்ச் சோற்றைப் போட்டேன்.

மாரிஸ் கண் சரியாகும் வரை டிரிப் பணத்தையும் சேர்த்து முழுச் சம்பளம் கொடுங்கள் என்று ஹெட் ஆபீசில் கேட்டிருக்கிறாள். ஒருத்தனுக்குக் கொடுத்தால் நாளைக்கு எல்லாருக்கும் கண் தெரியாமல் போய்விடும் என்றார்களாம் அங்கே. "தெரியலன்னு சொல்லட்டும் சார். தெரியாம ஓட்டுறதவிட நல்லது" என்று வாதாடியிருக்கிறாள். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் வருடக் கடைசிவரை பார்ப்பார்களாம். சரக்குத் தாமதமானாலோ விபத்து நடந்தாலோ யார்டு இவள் கையை விட்டுப் போய்விடும்.

சம்பளம் வரும் என்று மாரிஸுக்குச் சொல்லி அனுப்பினாளாம். பதில் இல்லையாம். காலையில் கொட்டகையில் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். இவள் தன் தப்பைச் சொல்கிறாள். மற்றவர்கள் தரையைப் பார்க்கிறார்கள். இனி எவன் சொல்வான்?

உன்,
நல்லம்மாள்


பிரிக்பீல்ட்ஸ்
3.7.2024

ரோசலின்,

இன்னும் பதில் வரவில்லை. இருந்தாலும் இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

நேற்று இரவு ஷாமினி என்னைக் கேட்டாள். "பாட்டி, நான் மாமாவ நிறுத்தினது தப்பா, நிறுத்தின விதம் தப்பா?" ஐந்தாம் வகுப்போடு நின்றவளிடம் கேட்கிற கேள்வியா இது? உன் கடிதத்தை எடுத்து, சாவியைப் பற்றி நீ எழுதியதை மட்டும் படித்துக் காட்டினேன். கேட்காமல் எடுத்தால் வேலை போய்விட்டது என்று அர்த்தம் என்பது அவளுக்குத் தெரியவே தெரியாது, ரோசலின். அந்த வரிகளை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

இன்று காலை கொட்டகையில் சொல்லிவிட்டு வந்து எனக்கும் சொன்னாள். "மாரிஸ் அண்ணன் அன்னிக்கு வண்டி எடுத்திருக்கக் கூடாது. அதுல நான் மாற மாட்டேன். ஆனா சாவிய நான் எடுத்தது தப்பு. கேட்டிருக்கணும். அவர் கையால வாங்கியிருக்கணும். இந்த யார்டுல அவ்வளவு தைரியமா உண்மையச் சொன்ன முதல் ஆளு அவர்தான். அவரத்தான் நான் அவமானப்படுத்திட்டேன்."

யுகேந்திரன் தன் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, "நான் இத அண்ணன்கிட்டப் போய்ச் சொல்லலாமா பாஸ்?" என்று கேட்டானாம்.

நல்லம்மாள்


கிள்ளான்
8.9.2024

அன்புள்ள நல்லம்மாவுக்கு,

ஜூன் மாதத்தில் நான் எழுதியதைக் கிழித்துப் போட்டிருப்பாய் என்று நம்புகிறேன். போடவில்லை என்றால் இப்போது போடு. பிறகு இதைப் படி.

கொட்டகையில் ஷாமினி தன் தப்பை ஒத்துக்கொண்ட அன்றைக்குச் சாயங்காலமே யுகேந்திரன் வந்துவிட்டான். அவள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னான். நடுவில் ஒரு கிண்டல்கூட இல்லை, அதனால்தான் நம்பினேன். மாரிஸ் எழுந்து அலமாரியைத் திறந்தான். லோரியின் இரண்டாவது சாவி எப்போதும் வீட்டில்தான் இருக்கும். மறுநாள் காலை அதை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய் அவள் உள்ளங்கையில் வைத்தானாம். "இது உனக்குத் தெரியாது. இது இருந்தா நான் எப்ப வேணாலும் வண்டிய எடுத்திருக்கலாம். நீ கேக்கல, நானாத் தரேன். டாக்டர் சொல்றவரைக்கும் ரெண்டும் உன்கிட்ட இருக்கட்டும்."

அதோடு விடவில்லை. மற்றவர்களைப் பார்த்து, "நான் சொன்னேன், என் சம்பளம் போகல. உங்களுக்கு என்னா லா கேடு?" என்றானாம். முதலில் வாயைத் திறந்தது அந்த வாய்க்காரன்தான். யுகேந்திரனுக்குச் சர்க்கரை ஏறி இறங்கி வண்டியிலேயே தலை சுற்றுமாம். சாப்பிட நேரமில்லாத டிரிப்பில்தான் அப்படி ஆகுமாம். பிறகு ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். அவர்களையே வட்டமாக உட்கார வைத்து, யாருக்கு எந்த டிரிப் என்று அவர்களோடு சேர்ந்து மாற்றி அமைத்தாள் உன் பேத்தி.

மாரிஸுக்குக் கண்ணில் புரை. ஆபரேஷன் அன்று ஆஸ்பத்திரியில் ஷெர்லிக்குப் பக்கத்தில் அவளும் உட்கார்ந்திருந்தாள். போன வாரம் டாக்டர் ஓட்டலாம் என்றார். இரண்டு சாவிகளையும் அவன் கையில் கொடுத்தாளாம். "அம்மா, ரோட்டுக் கோடு இவ்வளவு வெள்ளையா?" என்று வந்து கேட்கிறான்.

என் பிள்ளையை எனக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். அவளுக்கு என்ன பிடிக்கும் என்று எழுது. சமைத்து அனுப்புகிறேன்.

என்றும் உன்,
ரோசலின்


பிரிக்பீல்ட்ஸ்
16.12.2024

என் ரோசலினுக்கு,

முந்தாநாள் கம்பெனியின் ஆண்டு விருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தும் உன்னோடு ஒன்றும் பேச முடியவில்லை. அந்த ஸ்பீக்கர் சத்தத்தில் எனக்கே காது போய்விட்டது. அங்கே நடந்ததை உனக்கு எழுதத்தான் வேண்டும்.

முதலாளி பேசியது இது. இந்த வருடம் கிள்ளான் யார்டில் ஒரு விபத்து இல்லை, ஒரு டிரைவர் வேலையை விட்டுப் போகவில்லை, மற்ற யார்டுகளைவிடச் சரக்கு நேரத்துக்குப் போயிருக்கிறது. வரும் ஆண்டிலிருந்து கம்பெனியின் எல்லா யார்டுகளுக்கும் ஷாமினிதான் தலைமை. அதைக் கேட்டதும்தான் நான் உன் தொடையைக் கிள்ளினேன். நீ கோபமாகப் பார்த்தாய்.

அவளைப் பேசக் கூப்பிட்டார்கள். அவள் மைக்கைத் தொடாமல் டிரைவர்கள் எல்லோரையும் மேடைக்கு வரச் சொன்னாள். மேடை தாங்காது என்று ஹோட்டல்காரர் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தாரே, பார்த்தாயா? யுகேந்திரன் அவரிடம், "பயப்படாதீங்க பாஸ், நாங்க லோரிய வெளியிலதான் விட்டிருக்கோம்" என்றான்.

பிறகு அவள் சொன்னாள். "விபத்து நடக்கலைன்னு பரிசு குடுக்கறாங்க. நடக்காத ஒண்ண யாரும் போட்டோ எடுக்க முடியாது. நான் தினமும் பாக்கறேன். சாயங்காலம் இவங்க எல்லாரும் வீட்டுக்குப் போறதப் பாக்கறேன். முடியலன்னு ஒரு ஆள் சொல்றதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்னு இவங்கதான் எனக்குக் காட்டினாங்க. நான் ஒண்ணும் செய்யல. அத மதிக்கக் கத்துக்கிட்டேன்."

இவ்வளவுதான் பேசினாள். என் பெயரைச் சொல்வாள் என்று புதுப் புடவை கட்டிக்கொண்டு போயிருந்தேன். சொல்லவில்லை. முன்பு என்றால் ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்திருப்பேன். அன்றைக்கு அது நினைவுக்கே வராமல் மேடையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் நீ எழுந்துவிட்டாய். அந்த மண்டபத்திலேயே முதலில் எழுந்து கை தட்டியவள் நீதான். உன்னைப் பார்த்துத்தான் முதலாளி எழுந்தார், பிறகு எல்லோரும். ஒரு வார்த்தை காதில் விழாமல் எதற்கடி எழுந்தாய் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். படுத்த பிறகுதான் புரிந்தது. நீ மேடையில் நின்ற உன் பிள்ளை முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அவன் ஷாமினியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

உன்,
நல்லம்மாள்