குருவுக்கு எந்த லென்ஸ்

ஏரியூர்,
வியாழக்கிழமை.

அன்பு மகள் யுவராணிக்கு அப்பா எழுதுவது. போபாலில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மாவுக்கு முட்டி வலி கொஞ்சம் தேவலை, எனக்குச் சர்க்கரை ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. போன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் லெட்டர் போடுகிறார் என்று சிரிப்பாய். நம் வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் உன் தம்பி குரு காதில் விழும், அதனால்தான்.

அவன் பிறந்தநாளுக்கு லென்ஸ் வாங்குவதைப் பற்றிப் பென்னாகரம் ஸ்டூடியோ சென்னப்பனிடம் கேட்கச் சொன்னாய் அல்லவா, திங்கட்கிழமை போனேன். கேமரா கம்பெனியின் சொந்த லென்ஸ் நமக்குக் கட்டுப்படியாகாது, வேறு கம்பெனிக்காரன் செய்வதே போதும், ஆனால் போகஸ் தடுமாறாமல் பிடிக்கிறதா என்று அந்தக் கேமராவிலேயே மாட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்றார். நானூறு எம்.எம். வரை இழுக்கும் லென்ஸ் கையில் பிடிக்க லேசு, அறுநூறு வரை இழுப்பது இரண்டு கிலோ, ஸ்டாண்டு வேண்டும். அறுநூறே வாங்கு என்று எழுதத்தான் இருந்தேன். எவ்வளவு தூரம் இழுக்கிறதோ அவ்வளவு தூரம் தள்ளி நிற்பான் என்று நினைத்தேன்.

அவன் யாரைப் படம் பிடிக்கிறான் என்பது உனக்குத் தெரியும். யானை என்று எழுதினால் அம்மா திட்டுவாள், பெரியவர் என்றே வைத்துக்கொள். தப்பு என்னுடையது பாப்பா. போன வருஷம் அவர் நம் ராகியை மிதித்தபோது, சேதத்தைப் போட்டோவோடு காட்டினால்தான் நஷ்டஈட்டு மனு நிற்கும் என்று உன் பழைய கேமராவைக் குரு கையில் கொடுத்தவன் நான். மனு கொடுத்தாயிற்று, அவன்தான் நிறுத்தவில்லை. தினமும் சாயங்காலம் காட்டுப் பக்கம் பார்த்து மோட்டார் ரூம் மாடியில் உட்கார்ந்துவிடுகிறான்.

இந்த ஒரு மாதத்தில் அவன் பிரிண்ட் போடக் கொடுத்திருந்த நாலு படங்களைச் சென்னப்பன் என்னிடம் தந்தார். ஒவ்வொன்றிலும் பெரியவர் முந்தியதைவிடப் பெரிதாக இருந்தார். லென்ஸ் அதே பழையதுதான். உங்க பையன் கிட்டக் கிட்டப் போறானுங்க, சொல்லி வையுங்க என்றார். வீட்டுக்கு வந்ததும் வராததுமாகச் சத்தம் போட்டேன். குரு கோபப்படவில்லை. நான் மாடிய வுட்டு எறங்கவே இல்லப்பா, படத்த நல்லாப் பாருங்க என்றான்.

பார்த்தேன். நாலு படத்திலும் நம் வேலியின் கல்கம்பம் ஒன்று ஓரத்தில் நிற்கிறது. ஸ்கேல் வைத்து அளந்தேன், நாலிலும் ஒரே உயரம். அவன் நகரவும் இல்லை, ஜூமை மாற்றவும் இல்லை. முதல் படத்தில் பெரியவர் கம்பத்துக்கு அப்பால், காட்டோரம் நின்று, பிடுங்கிய ராகியைத் தின்கிறார். நாலாவதில் கம்பத்துக்கு இந்தப் பக்கம் நிற்கிறார், வாயில் ஒன்றும் இல்லை, காதை விரித்துக்கொண்டு நேராகக் கேமராவையே பார்க்கிறார். ராகி அறுத்துப் பதினைந்து நாள் ஆகிறது. நம் நிலத்தில் அவருக்குத் தின்ன ஒன்றும் கிடையாது. பின் எதற்கு வருகிறார் என்று நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த மாடி ஒன்பது அடிகூட இல்லை.

ஆகவே நானூறும் வேண்டாம், அறுநூறும் வேண்டாம். எவ்வளவு நீளம் வாங்கினாலும் தூரம் நம் கையில் இல்லை என்று தெரிந்துபோயிற்று. புது லென்ஸ் வந்தால் இன்னும் ஆசையாகப் போய் உட்காருவான். நான் திட்டியும் கேட்கவில்லை, அம்மா அழுதும் கேட்கவில்லை, நீ கூப்பிட்டால் வருவான். கடையில் மாட்டிப் பார்க்கக் கேமராவோடு வா என்று சொல்லி, டிக்கெட்டும் போட்டு அனுப்பு. வந்தபிறகு ஒரு மாதமாவது அங்கேயே வைத்துக்கொள். நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே.

மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருங்கள். கடிதம் கிடைத்த அன்றே அவனுக்குப் போன் பண்ணு, ஆனால் ஐந்து மணிக்கு முன்னால் பண்ணிவிடு. அதற்கு மேல் மாடியில் இருப்பான், மணி அடிக்கக் கூடாது.

உன் அப்பா,
நஞ்சப்பன்