நான் மாற்றிச் சொன்ன தீர்ப்பு

போன வாரம் என் மகள் கைப்பேசியை நீட்டி, "அம்மா, அந்தப் பழைய கோர்ட்டுப் படம் இருக்குல்ல, கறுப்பு வெள்ளை, இப்போ தமிழ் எழுத்தோட வந்திருக்கு. பாக்கிறியா?" என்றாள். வாங்கிப் பார்த்தேன். தீர்ப்பை முடிவு செய்ய உள்ளே போய்ப் பேசிய பன்னிரண்டு பேரும் திரும்பி வந்து உட்காரும் இடம் வந்தது. திரையின் அடியில் வெள்ளையாக ஒரே ஒரு சொல் வந்து நின்றது. குற்றவாளி. அடுத்த எழுத்து வருவதற்குள் நிறுத்திவிட்டேன். அன்று அதற்கு மேல் ஒரு வேலையும் ஓடவில்லை.

உங்களுக்குத் தமிழ் வாசிக்க நன்றாக வரும். இலங்கையில் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரை படித்தவர். அன்றைக்கு இந்த எழுத்து இருந்திருந்தால், என் வாயை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டிய நிலை உங்களுக்கு வந்திருக்காது.

இந்த மடலில் உங்களை 'நீங்கள்' என்று எழுதுகிறேன். இருந்த வரைக்கும் அப்படி ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. என்னைவிட ஏழு வயது மூத்தவர். இருபது வருஷம் என் வீட்டுப் பின்வாசலுக்கு வேலைக்கு வந்தவர். "வந்துட்டியா, பூண்டை எடுத்துப் போடு" என்பதுதான் என் வாயில் வந்திருக்கிறது. நம் மலையூரில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அது ஆடி வெள்ளிக்கிழமை. காலையிலிருந்து விடாத சாரல். மகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பாடமாக வைத்திருந்த நாவலைத்தான் அந்தக் காலத்தில் படமாக எடுத்திருந்தார்கள். மடிக்கணினியில் போட்டுக் கொடுத்துவிட்டுக் கூட்டாளி வீட்டுக்குப் போய்விட்டாள். நான் எட்டாவதோடு நின்றவள். அவளுடைய பள்ளிப் புத்தகங்களையும் ஒரு அகராதியையும் வைத்துக்கொண்டு அடுப்படியில் இங்கிலீஷ் படித்தேன். அந்தப் பெருமை எனக்கு உண்டு. மாவு டப்பாவின் மேல் கணினியை வைத்து, திரையைப் பின்வாசல் பக்கம் திருப்பினேன். நீங்கள் வாசற்படிக்கு வெளியே சாக்கை விரித்து உட்கார்ந்து மலைப்பூண்டு ஆய்ந்துகொண்டிருந்தீர்கள். நான் படிக்கு உள்ளே. அவர்கள் பேசப் பேச, அடியில் வந்த இங்கிலீஷைத் தமிழாக்கிச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

வெள்ளைக்காரர் ஊர் ஒன்றில் ஒரு கறுப்பர் மேல் பொய்ப் பழி. அவருக்காக வாதாட ஒரே ஒரு வக்கீல். கோர்ட்டில் கறுப்பர்கள் கீழே உட்காரக்கூடாதாம், மாடியில்தான் இடம் என்று சொன்னேன். நீங்கள் பூண்டை நகத்தால் கீறிக்கொண்டே, "அட, மாடியோ கூரையோ, உள்ளுக்கு விட்டிருக்காங்கல்ல. அவுக தேவலாமே" என்றீர்கள். நான் சிரித்துவிட்டேன். நீங்களும் சிரித்தீர்கள். எதற்குச் சிரித்தோம் என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

அப்போது உங்கள் மகன் ராசுவின் வழக்கு நடந்துகொண்டிருந்தது. எங்கள் முருகன் கோயிலில் வெள்ளி வேல் காணாமல் போயிருந்தது. பூட்டு உடைபடவில்லை. கருவறைக்குப் பின்னால் உள்ள சாமான் அறையில் சாவி மாட்டியிருக்கும் ஆணியும், வேல் இருக்கும் மரப்பெட்டியும் தெரிந்த ஆள்தான் எடுத்திருக்க வேண்டும். அன்று வெள்ளனே கோயிலுக்கு வெளியே புல் செதுக்கிக்கொண்டிருந்தவன் ராசு. சிலோன்காரன், கேட்க நாதியில்லை. பிடித்துக்கொண்டு போனார்கள். ஸ்டேஷனில் அடித்த அடியில் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டிருப்பான். போட்டான். வேல் மட்டும் கிடைக்கவே இல்லை. ஜாமீனில் வந்து வீட்டில் இருந்தான்.

அவனைக் காப்பாற்ற ஒரு உண்மை போதும். உங்கள் சனத்தில் யாரையும் அந்தக் கோயில் வாசற்படி தாண்ட நாங்கள் விட்டதில்லை. புல் செதுக்கலாம், ஒலிபெருக்கிப் பெட்டி சுமக்கலாம், திருவிழாவுக்கு மூங்கில் நடலாம். உள்ளே வரக்கூடாது. உள்ளே வராதவனுக்கு ஆணி எங்கே, பெட்டி எங்கே என்று எப்படித் தெரியும்? ஆனால் அதைக் கோர்ட்டில் சொன்னால், உள்ளே விடாத குற்றத்துக்கு ஊர் பதில் சொல்ல வேண்டும். அதனால் கமிட்டிக்காரர்கள் ஒவ்வொருவராகக் கூண்டில் ஏறி, "எங்க கோயில்ல யாருக்கும் தடையில்லீங்க. அவன் தெனமும் உள்ள வந்து கூட்டுவான், எல்லா எடமும் அவனுக்கு அத்துபடி" என்று சத்தியம் செய்தார்கள். ஒரு நாளும் கொடுக்காத உரிமையை அவனுக்கு அந்தக் கூண்டில் கொடுத்தார்கள். ரெண்டாவது சாட்சி என் வீட்டுக்காரர்.

படத்துக்கு வருகிறேன். தீர்ப்புச் சொல்லும் நேரமும் நான் விளக்கு வைக்கும் நேரமும் ஒன்றாக வந்தது. சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டு வந்து நின்றேன். நீங்கள் பூண்டைக் கீழே வைத்துவிட்டீர்கள். உங்கள் கண் என் வாயைப் பார்த்தது. ஆடி வெள்ளி, எரிகிற விளக்கு, மகன் மேல் வழக்கு இருக்கிற ஒரு தாய். அந்த நேரத்தில் என் நாக்கிலிருந்து அந்தச் சொல் விழுந்தால் அது அவனுக்குப் பலித்துவிடும் என்று பயந்தேன். அமங்கலமாக ஒரு வார்த்தை விளக்குக்கு முன்னால் சொல்லக்கூடாது என்று வளர்ந்தவள் நான்.

"என்னம்மா சொல்றாங்க?" என்று கேட்டீர்கள்.

"விட்டுட்டாங்க. அவன் மேல தப்பில்லையாம்" என்றேன்.

கோர்ட்டிலிருந்து அவரைக் கூட்டிப்போகும் காட்சி ஓடத் தொடங்கியதும் கணினியை மூடி வைத்தேன். கரண்டு போயிரும் என்று ஏதோ சொன்னேன். நீங்கள் "அந்த வக்கீலு நல்லாருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, ஆய்ந்த பூண்டைக் கூடையில் அள்ளிப் போட்டீர்கள்.

அடுத்த வாரமே ஊர்ப் பெரியவர்கள் உங்களுக்கு ஆள் அனுப்பினார்கள். ராசு குற்றத்தை ஒத்துக்கொண்டு, குடும்பத்தோடு ஊரைக் காலி செய்தால் புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்கள். அவன் ஜெயிலுக்குப் போகாமல் தப்ப அது ஒரு வழி. நீங்கள் மறுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டுப் பதறினேன்.

"ஏன் அப்படிச் சொன்ன? ஒத்துக்கிட்டுப் போயிருக்கலாம்ல?"

"பத்து வயசுல சிலோன்லருந்து என்னையக் கப்பல்ல ஏத்தி அனுப்பினாங்கம்மா. அப்பயும் நாங்க ஒரு தப்பும் பண்ணல. இன்னொரு தடவ எங்க ஏத்துவாங்க? களவாணிப் பட்டத்தோட வேற." அப்புறம் மெதுவாகச் சொன்னீர்கள்: "நம்ம வக்கீலுத் தம்பி, ஊருக்காரங்க ஒருத்தர் வந்து சொன்னாப் போதும்ங்குது. அவன உள்ள விட்டதில்லன்னு, அவ்வளவுதான். வர்ற செவ்வாக்கெழம நம்ம பக்கத்துச் சாட்சி சொல்ற நாளு. நீங்க வருவீங்களாம்மா?"

'மாட்டேன்' என்று நான் சொல்லவில்லை. "பாப்போம்" என்றேன். நீங்கள் தலையாட்டிக்கொண்டீர்கள்.

வீட்டுக்காரரிடம் பேச்சை எடுத்தேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் என்னைக் கட்டிப் போட்டது. "இந்தா பாரு. அவன உள்ள விட்டதில்லன்னு நீ சொல்லிட்டா, ஏன் விடலன்னு அடுத்த கேள்வி கேப்பாங்க. அவன் வெளிய வருவான், ஊரு உள்ள போகும். உம் புருசன் மொத ஆளா. பொய்ச் சத்தியம் வேற பண்ணியிருக்கேன்ல? மகளுக்கு மாப்பிள பாக்கிற நேரம். யோசிச்சுக்க" என்றார். சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை விடிகாலை முதல் பஸ் பிடித்தேன். கொடைக்கானல் கோர்ட்டுக்குப் போகும் பஸ் மேலே போகும். நான் ஏறியது கீழே பழனிக்குப் போகும் பஸ். சுலபமான யானைப் பாதை வேண்டாம் என்று படி வழியாகவே ஏறினேன். ஒவ்வொரு படியிலும் ராசுவின் பெயரைச் சொல்லி வேண்டிக்கொண்டேன். பால் அபிஷேகத்துக்குக் கொடுத்தேன். மூன்று மணி வரை சன்னதிக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். உங்களுக்காகச் சாமியிடம் சாட்சி சொல்லிவிட்டதாகவே அன்று நினைத்தேன். நடந்தது அத்தனையும் பார்த்த சாமிக்கு என் சாட்சி எதற்கு? அது தேவைப்பட்டது கொடைக்கானலில் உட்கார்ந்திருந்த ஒரு மாஜிஸ்திரேட்டுக்கு.

மறுநாள் நீங்கள் வழக்கம்போல வேலைக்கு வந்தீர்கள். அதே படிக்கு வெளியே அதே சாக்கு. நான் பஞ்சாமிர்தத்தை ஒரு இலையில் வைத்துக் கொண்டுவந்தேன். கை நீட்டி வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டீர்கள்.

"சாமி நல்லாப் பாத்தீங்களாம்மா? கூட்டமா?"

"கூட்டந்தான்."

"கால் வலிச்சிருக்குமே" என்றீர்கள். அதில் குத்தல் இருந்ததா என்று எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். இல்லை. இருந்திருந்தால் நான் பிழைத்துப் போயிருப்பேன்.

ராசுவுக்கு ரெண்டு வருஷம் போட்டார்கள். அதற்குப் பிறகும் நீங்கள் வந்துகொண்டுதான் இருந்தீர்கள். அந்தப் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் சொன்ன பொய்யை நம்பித்தான் நீங்கள் சமரசத்தை மறுத்தீர்கள், மகனை ஜெயிலுக்கு அனுப்பியது என் நாக்குத்தான் என்று நான் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தேன். அதையும் உங்களிடம் சொல்லவில்லை. போன ஐப்பசி மழையில் நெஞ்சுச் சளி கட்டி நீங்கள் போய்ச் சேர்ந்தீர்கள். மூன்றாம் நாள்தான் எனக்குத் தெரிந்தது. உங்கள் குடியிருப்புக்கு எங்கள் வீட்டுப் பெண்கள் துக்கம் கேட்கப் போகும் வழக்கமில்லை. நான் வழக்கத்தை மீறவில்லை.

கைப்பேசியில் அந்த எழுத்தைப் பார்த்த மறுநாள், பழனிக்கு என்று சொல்லிக் கிளம்பி ஒட்டன்சத்திரத்தில் போய் இறங்கினேன். ராசு அங்கே காய்கறி மார்க்கெட்டில் லோடு ஏற்றுகிறான். தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவில் என்னைப் பார்த்ததும் தலைத்துண்டை அவிழ்த்தான். பழைய பழக்கம் போல. வலித்தது.

"வாங்கம்மா. என்ன இம்புட்டுத் தூரம்? தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" உங்கள் சிலோன் வார்த்தை, அவன் வாயில். கடையில் வாங்கிக் கொண்டுவந்து கொடுத்தான். குடித்தேன். குடித்துக்கொண்டே படத்தைச் சொன்னேன், பொய்யைச் சொன்னேன். அதைக் கேட்டுத்தான் உன் அம்மா சமரசத்துக்குப் போகவில்லை, மன்னிச்சுக்கோ என்று சொன்னேன்.

அவன் பெட்டி மேல் உட்கார்ந்து கேட்டான். பிறகு சொன்னான்: "அம்மாவுக்குத் தெரியும்மா. அன்னைக்கே வந்து சொல்லிச்சு. படத்துல அந்தாளு மொகத்தப் பாத்தேன்டா, விட்டவன் மொகமா அது, விலங்கு மாட்டிக் கூட்டிட்டுப் போறாங்கன்னுச்சு."

"பெறகு ஏன் ஒத்துக்கிட்டுப் போகல?"

"அதுக்குத்தாம்மா." பக்கத்தில் யாரோ லாரியைப் பின்னால் எடுக்கச் சொல்லிக் கத்தினார்கள். அது அடங்கும் வரை பொறுத்தான். "'நம்ம மனசு நோகக்கூடாதுன்னு விளக்குக்கு முன்னாடி நின்னு பொய் சொல்லிருக்குடா அந்தம்மா. பொய்யே சொல்ற அளவு நம்ம மேல பிரியம் இருக்குன்னா, உண்மையச் சொல்லாமலா போயிரும்'னுச்சு. அந்தச் செவ்வாக்கெழம கோர்ட்டு வாசல்லயே நின்னுச்சும்மா. கீழேருந்து வர்ற ஒவ்வொரு பஸ்ஸா எட்டி எட்டிப் பாத்துக்கிட்டு. சாயங்காலம் கோர்ட்டு கலையிற வரைக்கும் ஒக்காரல."

இப்போதாவது நான் வந்து எழுதிக் கொடுக்கட்டுமா, யார் கேட்டாலும் சொல்கிறேன் என்றேன். அவன் துண்டைத் திரும்பத் தலையில் கட்டிக்கொண்டான். "இனி எதுக்கும்மா. சோலி கெடக்கு. பஸ்ஸ விட்டுறாதீங்க" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்தான்.

இத்தனை வருஷம் ஒரு பொய்யைச் சுமப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பொய்யை நீங்கள் அன்றைக்கே மன்னித்து, அதை என் நல்ல மனசுக்கு அடையாளமாகவும் எடுத்துக்கொண்டு, மகனை என்னை நம்பி விட்டிருக்கிறீர்கள். இனி நான் சுமப்பது வேறு. அதை இறக்கி வைக்க நீங்கள் இல்லை. கேட்டுக்கொள்ளக் கோர்ட்டும் இல்லை. ஆனாலும் எழுதுகிறேன், வாசிக்கிறவர்கள் எல்லாரும் அறிய:

உங்கள் மகன் ராசு எங்கள் கோயில் வாசற்படியை ஒரு நாளும் தாண்டியதில்லை. நாங்கள் தாண்ட விட்டதில்லை.

இவ்வளவுதான். சொல்லி முடிக்க அரை நிமிஷம்கூட ஆகாது. அந்த அரை நிமிஷத்துக்காகத்தான் நீங்கள் காலையிலிருந்து சாயங்காலம் வரை அங்கே நின்றீர்கள்.